கோதுமை மடி

என் அக்கா காமுவின் கணவர் வெங்கடராகவன் மாமல்லபுரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி நடத்துகிறவர். எனக்கு அத்திம்பேர். மடி, ஆசாரம் என்று யாராவது வாயெடுத்தால் போதும், அவருக்கு மூக்கு விடைத்துக்கொள்ளும். அவருடைய அப்பா பெருமாள் கோயிலில் கைங்கரியம் செய்தவர். ஈர வேஷ்டியோடு யார் மேலும் படாமல் ஒதுங்கி ஒதுங்கிப் போகிற அந்த மனுஷரை நடு ரேழியில் நிறுத்தி, "தொட்டா ஒட்டிக்க அது என்ன சாயமா?" என்று இவர் பதினெட்டு வயதில் கேட்டது எங்கள் உறவுக்காரர்கள் நடுவில் பிரசித்தம். கல்யாணமான புதிதில், அக்கா கொடியில் உலர்த்தியிருந்த மடிப்புடவையில் வேண்டுமென்றே கையைத் துடைத்தவர். அக்கா ஒரு மாதம் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு மடியையே விட்டுவிட்டாள்.

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். அத்திம்பேரை அது தட்டு தட்டாகச் சுட்டது.

அவர்களுடைய ஒரே பெண் ஹம்சினிக்குப் பதிமூன்று வயது. கை கால் குச்சி, வயிறு மட்டும் உப்பல். பூச்சி மருந்து, டானிக், திருஷ்டி கழிப்பு எல்லாம் ஆகி, கடைசியில் சென்னையில் ஒரு டாக்டர் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார். கோதுமையில் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறதாம், அது அவள் குடலை அரிக்கிறதாம். மருந்து கிடையாது, கோதுமை கூடாது, அவ்வளவுதான் வைத்தியம். ஆறு மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அதில் ஒரு எண் இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் மறுபடி குழாய்.

அந்தக் குழாயை நினைத்தாலே ஹம்சினிக்கு வேர்த்துக் கொட்டும். முதல் தடவை உள்ளே போகும்வரை என் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். நகம் பதிந்த இடம் ஒரு வாரம் கன்றிக் கிடந்தது.

"ஒரு துகள்கூடப் படக்கூடாது சார்" என்றார் டாக்டர். "கோதுமை பட்ட கரண்டி, கோதுமை அரைச்ச மிக்சி, சப்பாத்தி தேய்ச்ச கை, எதுவும் அவ சாப்பாட்டுப் பக்கம் வரக்கூடாது."

அத்திம்பேர் பயபக்தியோடு தலையாட்டினார். அக்கா என் பக்கம் குனிந்து, "டேய் பத்ரி, இதுக்கு எங்க மாமனார் ஒரே வார்த்தையில பேர் வெச்சிருந்தார்டா" என்றாள்.

இட்லியும் தோசையும் இருக்கிற ஊரில் இது ஒரு பெரிய கஷ்டமா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஆனால் ஹம்சினி காலையில் இட்லியைக் கண்டால் குமட்டுகிற ஜாதி. ஏழு மணிக்குப் பள்ளிக்கூட வேன் வரும். அதற்குள் அவள் தொண்டையில் இறங்குகிற ஒரே பண்டம், கிண்ணத்தில் கொட்டிப் பால் கலந்து மொறுமொறுவென்று தின்கிற கார்ன்ஃபிளேக்ஸ்தான். மக்காச்சோளம்தானே என்று அட்டையைத் திருப்பிப் படித்தால், உள்ளே பார்லி மால்ட் சேர்த்திருந்தது. பார்லியும் ஆகாது என்று டாக்டர் அதையும் அடித்துவிட்டார்.

கார்ன்ஃபிளேக்ஸ் மாதிரிக் காலைப் பண்டத்துக்குச் சீரியல் என்று பேர். கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரர்கள் உட்காருகிற ஓட்டல்களில் குளூட்டன் இல்லாத சீரியல் என்று பலகையில் எழுதியே வைத்திருக்கிறார்கள். வாங்கிப் பார்க்கலாமே என்றேன். "நான் கெமிஸ்ட்ரி வாத்தியார்டா. எனக்குத் தெரியாத சீரியலா?" என்று சட்டைக் கையை மடித்துவிட்டார் அத்திம்பேர்.

முதல் தட்டு வெல்லப்பாகில் செய்தார். சிவப்பு அவல், கம்புப் பொரி, வேர்க்கடலை எல்லாவற்றையும் பாகில் புரட்டி, புதிதாக வாங்கிய ஓவனுக்குள் வைத்தார். வெளியே வந்தது தட்டை விட்டுப் பிரியவில்லை. கொல்லையில் கொண்டுபோய் அம்மிக் குழவியால் தட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுச் சிற்பி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், கல்லு நல்லா கீதே, எங்க புட்ச்ச? உளி வோணுமா?"

அத்திம்பேருக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த வாரமே பாகை விட்டுவிட்டுக் காரத்துக்கு மாறினார். எவ்வளவு சீமைப் பண்டமானாலும் தாளித்துக் கொட்டாவிட்டால் நம்மவர்களுக்குத் தொண்டையில் இறங்குமா? அவலையும் பொரியையும் சோள அவலையும் தனித்தனியாக வறுத்து, எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, மஞ்சள், பெருங்காயம் தாளித்துப் புரட்டி, இளஞ்சூட்டில் காயவைத்தார். கிண்ணத்தில் போட்டுக் கெட்டி மோரை ஊற்றினால் கடைசி ஸ்பூன்வரை மொறுமொறுப்பு. ஹம்சினி இரண்டாவது கிண்ணம் கேட்டாள். அவள் எதையும் இரண்டாவது தடவை கேட்டு நான் பார்த்ததில்லை. அத்திம்பேர் எனக்குப் போன் செய்து அந்த "இன்னும் கொஞ்சம்" என்பதை அவள் குரலிலேயே சொல்லிக்காட்டினார்.

அன்றிலிருந்து மனுஷர் மடியாகிவிட்டார். சீரியலுக்கென்று தனி வாணலி, தனி மிக்சி ஜார், தனிக் கரண்டி. எல்லாவற்றிலும் சிவப்பு நூல் கட்டியிருக்கும். அவற்றையும் தாளிப்புச் சாமான்களையும் வைக்க, பூட்டுப் போட்ட தனி அலமாரி. சாவி அவருடைய பூணூலில். பூணூலால் ஒரு பிரயோஜனம் உண்டென்று ஒப்புக்கொண்டது அப்போதுதான். ஞாயிறு காலை குளித்துவிட்டு, துவைத்த வேஷ்டியைக் கட்டிக்கொண்டு, யாரும் தொடாமல் அடுக்களைக்குள் போவார். நான் செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து நின்றால், "வழியில பிஸ்கட் ஏதாவது தின்னியா? அங்கேயே நில்லு" என்பார். நான் கிணற்றடியில் கைகால் அலம்பிக்கொண்டுதான் உள்ளே போவேன்.

அக்காவுக்குச் சர்க்கரை. ராத்திரி இரண்டு சப்பாத்தி தின்பாள். அதற்கு வீட்டுக்குள் அனுமதி இல்லை. கொல்லைத் தாழ்வாரத்தில் தனி அடுப்பு, தனித் தட்டு, தனிச் செம்பு.

"எங்காத்துல மூணு நாள்கூட என்னை ஒதுக்கி உட்கார வெச்சதில்லைடா" என்றாள் அக்கா. "சப்பாத்திக்காக தினம் ஒதுங்கி உட்காரறேன்." அத்திம்பேர் பக்கம் திரும்பினாள். "ஏன்னா, தொட்டா ஒட்டிக்க அது என்ன சாயமா?"

"ஒட்டிக்கும்" என்றார் அத்திம்பேர், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

சாமான் வாங்குவது கடைத்தெருவில் அப்துல் கையூம் பாயிடம். பாயை அவர் படுத்திய பாடு கொஞ்சமில்லை. கோதுமை மூட்டை அவல் மூட்டைக்கு எத்தனை அடி தள்ளி இருக்கிறது, கோதுமை அள்ளின கையைத் துடைத்தீர்களா என்று ஒவ்வொரு வாரமும் விசாரணை. பாய் பொறுமைசாலி. சாருக்கென்று ஒரு தராசுத் தட்டைத் தனியாக மாட்டி வைத்துவிட்டார். பாயின் பெண் ஹம்னாவும் ஹம்சினியும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு.

இவ்வளவு செய்தும் ஹம்சினியின் வயிற்று உப்பல் குறையவில்லை. வாயுவாக இருக்கும் என்று அத்திம்பேர் தாளிப்பில் பெருங்காயத்தைக் கூட்டினார். வயிறு இன்னும் உப்பியது. இன்னும் கூட்டினார். சிட்டிகை அரை ஸ்பூனாகி, அரை ஸ்பூன் முழு ஸ்பூனாயிற்று. மோரிலும் தனியாக ஒரு சிட்டிகை. வயிற்றுக்குப் பெருங்காயத்தை மிஞ்சி வைத்தியம் உண்டா? நானே தலையாட்டினேன்.

ஆறு மாதம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். எண் பேருக்குத்தான் இறங்கியிருந்தது.

"எங்கயோ கோதுமை போயிண்டேதான் இருக்கு" என்றார் டாக்டர். "வெளியில ஏதாவது சாப்பிடறாளா? இன்னும் மூணு மாசம் பார்ப்போம். அப்பவும் இப்படியே இருந்தா குழாய் விட்டுத்தான் பார்க்கணும்."

ஹம்சினி முகம் வெளுத்துப்போயிற்று. அத்திம்பேர் முகம் வேறு மாதிரி ஆயிற்று. தன் அடுக்களையில் தப்பு நடக்க வழியே இல்லை. அப்படியானால் தப்பு எங்கே? அவர் கண் பெண்ணின் பள்ளிக்கூடப் பைமேல் போய் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் பையைக் கூடத்தில் கவிழ்த்தார். நோட்டு, ஜியாமெட்ரி பாக்ஸ், ரப்பர் பேண்டு, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பிஸ்கட் காகிதம். சாக்லேட் க்ரீம் பிஸ்கட், நான்காக மடித்து வைத்திருந்தது.

"என்ன இது?"

"ஹம்னாவோடதுப்பா. அவதான் தின்னா. நான் காகிதத்தை மட்டும் வாங்கிண்டேன்."

"காகிதத்தை வாங்கி என்ன பண்ணினே?"

"வாசனை பார்ப்பேன்" என்றாள் ஹம்சினி, தரையைப் பார்த்துக்கொண்டு. "வாசனை மட்டும்தான்."

"பொய்! நான் விடியக்காலம் எழுந்து சாகறேன், நீ பெஞ்சுக்கடியில உக்காந்து பிஸ்கட் தின்னிண்டிருக்கே!"

அவள் மறுபடி ஒரு தடவை "இல்லைப்பா" என்றாள். அத்திம்பேர் அந்தக் காகிதத்தை ஒரு பழுப்புக் கவரில் போட்டு, சுற்றிலும் டேப் ஒட்டி, தேதி எழுதினார். லேப் வாத்தியார் அல்லவா? அத்தாட்சி காணாமல்போகக் கூடாதென்று, பூட்டுகிற அலமாரி அது ஒன்றுதான் என்பதால், அதை மடி அலமாரியின் மேல்தட்டிலேயே வைத்துப் பூட்டினார். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னது நிஜமென்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதற்குப்பிறகு ஹம்சினி அப்பாவோடு பேசவில்லை. காலையில் கிண்ணத்தை நீட்டுவார், வாங்கிக்கொள்வாள், ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்பாள், வேனில் ஏறிப் போவாள். இப்படியே மூன்று வாரம்.

மூன்றாவது ஞாயிறு, சாமான் வாங்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பாயைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"உங்க பொண்ணுகிட்ட சொல்லி வைங்கோ பாய். என் பொண்ணுக்கு பிஸ்கட் குடுக்கறா. அது அவளுக்கு விஷம்."

பாய் தராசைக் கீழே வைத்தார். "எம் பொண்ணா? வூட்ல மூணு வாரமா அழுதுகினு கீது சார் அது. ஹம்சினி ஒரு துண்டுகூட வாய்ல வெக்கலன்னு குர்ஆன் மேல சத்தியம் பண்ணுது. எம் பொண்ணு பொய் சொல்லாது. உம் பொண்ணும் சொல்லாது."

"அப்ப எங்கேர்ந்து வர்றது?"

"எங்கடைலேர்ந்துதான் வர்தோ இன்னாவோ. இன்னிக்குப் பாத்துடலாம். நீ வாங்கற அத்தனையும் எட்து வெக்கறேன். ஒண்ணொண்ணாப் படி சார்."

கடையில் நின்றவர்களை ஒதுங்கச் சொல்லிவிட்டு, பாய் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். மூட்டை அவலைச் சல்லடையில் கொட்டிக் கிளறிக்காட்டினார். கம்பு, சோளம், கடலை, எண்ணெய். மஞ்சள்தூள் பாக்கெட்டை அத்திம்பேர் திருப்பித் திருப்பிப் படித்தார். உப்புப் பாக்கெட்டைக்கூடப் படித்தார். எதிலும் ஒன்றுமில்லை. கடைசியாக பாய் பெருங்காய டப்பாவை எடுத்தார்.

"அது பெருங்காயம் பாய்" என்று அத்திம்பேர் கையை அசைத்தார். "அதைப் போய் யாராவது படிப்பாளா?"

"மாசத்துக்கு மூணு டப்பா வாங்கற. படிச்சா இன்னா போச்சு?" பாய் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவை வெளிச்சத்தில் பிடித்தார். "கூட்டுப் பெருங்காயம். இதுல சேர்த்துகீறது... கோதுமை மாவு, கோந்து, பெருங்காயம்." ஒரு தடவை நிறுத்தி, மறுபடி படித்தார். "கோதுமை மாவுதான் சார் மொதல்ல கீது."

அத்திம்பேர் டப்பாவை வாங்கிப் படித்தார். இருபத்திரண்டு வருஷமாகக் கெமிஸ்ட்ரி நடத்துகிறவர், அந்த ஒரு வரியை எழுத்துக்கூட்டிப் படித்தார். பாலும் நெய்யும் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கிற எங்கள் வீடுகளில், பெருங்காயத்தை யாரும் எதுவும் கேட்டதில்லை. வாங்கி வந்ததும் எவர்சில்வர் சம்புடத்தில் கொட்டிவிட்டு டப்பாவை எறிந்துவிடுவோம். வெங்காயமும் பூண்டும் நுழையாத அடுக்களைக்குள் அது மட்டும் ராஜா மாதிரி போய்வந்தது. ஆறு மாதத்துக்கு மேலாக அவர் தன் கையாலேயே, குளித்து, மடியாக, ஸ்பூன் ஸ்பூனாகக் கோதுமையை அவளுக்குப் போட்டிருக்கிறார்.

பிறகு பாயே கலப்பில்லாத கட்டிப் பெருங்காயம் வரவழைத்துத் தந்ததும், அடுத்த சோதனையில் எண் பாதிக்குக் கீழே இறங்கியதும், குழாய் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதும் எல்லாம் நடந்தது. ஆனால் எனக்கு மறக்காதது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

வீட்டுக்குள் நுழைந்த அத்திம்பேர் கால்கூட அலம்பவில்லை. ஹம்சினி கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"ஹம்சி, தப்பு என் பேர்லதாம்மா. பெருங்காயத்துல கோதுமை இருந்திருக்கு. நான்தான் போட்டேன். நீ பொய் சொல்லலை."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "அப்ப குழாய்?"

"வராது. வரவிடமாட்டேன்."

பூணூலிலிருந்து சாவியை எடுத்து, அலமாரியைத் திறந்து, அந்தப் பழுப்புக் கவரைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். திருப்பிக் கொடுக்க அவரிடம் வேறு எதுவும் இல்லை. அவள் டேப்பைப் பிரித்து, நான்காக மடித்த காகிதத்தை எடுத்து விரித்தாள். மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். பிறகு கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தாள்.

"பெருங்காய வாசனைதான்ப்பா வர்றது."