கூரம் அணியின் ஆள்

ஞாயிற்றுக்கிழமை காலை ராஜேஸ்வரி அண்ணி தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, அண்ணன் பூட்டாருப்பா. தூக்கத்துலயே" என்றார். சற்று நிறுத்தி, "இன்னிக்கு கூரத்துக்கு மேட்ச் இருக்குது" என்றும் சொன்னார்.

அந்த இரண்டாவது செய்தியை அவர் ஏன் சொன்னார் என்பது தாமோதரன் அண்ணனை அறிந்தவர்களுக்குப் புரியும். அறியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

காஞ்சிபுரத்தில் ஒரே நாளிதழுக்கு நான் நீதிமன்றச் செய்திகளும் அவர் விளையாட்டுச் செய்திகளும் எழுதினோம். மைதானத்தில் கைதட்டுவதில்லை என்பது அவருடைய விதி. தோற்றவர்கள் நடுவரைத் திட்டினால் அதை எழுதுவதில்லை என்பது இன்னொன்று. வீட்டுத் தொலைக்காட்சி முன்னாலும் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

"நீங்க எந்தப் பக்கம்?" என்று அண்ணி கேட்பார்.

"ரெண்டு பக்கமும் நல்லாத்தானே ஆடறாங்க."

"இவரோட மேட்ச் பாக்கறதும் செவுத்தோட பாக்கறதும் ஒண்ணுதாம்பா" என்பார் அண்ணி என்னிடம்.

பள்ளி நாட்களில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டவராம் அவர். "எழுத வந்தப்புறம் யார் ஜெயிச்சா எனக்கென்னன்னு ஆயிடுச்சுப்பா. அந்த வெறி திரும்பி வரவே இல்ல" என்று ஒருமுறை சொன்னார். ஓய்வு பெற்றபின் விளையாட்டுப் பக்கத்தைப் பிரிப்பதையே விட்டுவிட்டார்.

அண்ணிக்குப் பிறந்த ஊர் கூரம். அங்குள்ள பெண்கள் கபடி அணியின் ஆட்டத்துக்கு அண்ணனை ஒருநாள் பிடிவாதமாக அழைத்துப் போனார். நானும் உடன் போனேன். பழக்கதோஷத்தில் அண்ணன் செய்தியாளர் நாற்காலியில் போய் அமர்ந்தார். அண்ணி கூட்டத்தோடு மண்ணில் உட்கார்ந்தார். கடைசி நிமிடம். எதிரணியினர் மடக்கிப் பிடித்திருந்த கூரம் அணித் தலைவி சுமதி, நடுக்கோட்டுக்குக் கையை நீட்டினார். நடுவர் அவுட் என்றார்.

"தொட்டுட்டாய்யா! கோட்டைத் தொட்டுட்டா! கண்ணு இல்ல உனக்கு?"

கத்தியது தாமோதரன் அண்ணன். மைதானமே திரும்பிப் பார்த்தது.

"சார், பிரஸ் சேர்ல உக்காந்துக்கினு நீங்களே இப்படிப் பண்ணா எப்படி?" என்றார் நடுவர்.

அண்ணன் நாற்காலியைப் பார்த்தார். எழுந்து நடந்து, அண்ணியின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். "நான் பிரஸ் இல்லப்பா. கூரம்."

அண்ணி வாய்விட்டுச் சிரித்தார். அன்று அணி தோற்றது. அண்ணன் குரல் கட்டிப்போய், நான் நெடுநாள் காணாத மலர்ந்த முகத்தோடு பஸ் ஏறினார்.

பிறகு ஒரு ஆட்டத்தையும் அவர்கள் விடவில்லை. அண்ணனுக்கு உடம்பு முடியாதபோது மட்டும் சுமதியிடம் தொலைபேசியில் பேசுவார். வெற்றி என்றால் கதை முழுவதும் கேட்பார். தோல்வி என்றால் ஒரே கேள்வி: "அம்பயர் யாரு?"

செய்தி கேட்டு, ஆடாமல் வருகிறோம் என்றாராம் சுமதி. "ஆடாம வந்தா அவரு மூஞ்சியப் பாக்க வுடமாட்டேன்" என்று சொல்லிவிட்டார் அண்ணி.

மாலை, உடலை எடுப்பதற்குச் சற்று முன், சின்ன காஞ்சிபுரம் வீட்டு வாசலில் வேன் வந்து நின்றது. முழங்காலில் மண்ணோடு அணியினர் இறங்கினர். சுமதி அண்ணியிடம் வந்தார்.

"இன்னா ஆச்சு?" என்றார் அண்ணி.

"தோத்துட்டோம்மா. ஒரே பாயிண்ட்."

அண்ணி கணவரின் முகத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "அம்பயர் யாரு?" என்றார்.

சுமதி அழுதுகொண்டே சிரித்துவிட்டார். பெயரையும் சொன்னார்.

போய் வாருங்கள், அண்ணா. அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது உங்கள் பழைய விதி.