நான் பதுக்கிய சாமான்

ஓம், பதுக்கினேன். மூட்டுக் காய்ச்சல் ஊரைப் பிடித்து உலுக்கிய அந்த மாரி காலத்தில், எங்கள் கொட்டில் வரிசையிலேயே அதிகம் சாமான் சேர்த்து வைத்தவள் நான்தான் என்று இன்றைக்கும் ஒரு பேச்சு இருக்கிறது. பேச்சில் பொய்யில்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் இருந்தது கல்முனைக்கு மேற்கே, வயலை ஒட்டிய ஒரு தென்னந்தோட்டத்தில். சுனாமியில் வீடிழந்தவர்களுக்காகப் பலகையும் தகரமும் கொண்டு அடித்துக் கொடுத்த தற்காலிகக் கொட்டில்கள். ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். அங்கே மிளகாய் வறுத்தால் இங்கே நாங்கள் தும்முவோம். எனக்குச் சீதனமாகக் கட்டித் தந்த கல்வீடு கடலோடு போய்விட்டது. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். ஆனால் கொட்டில் கொடுக்க வந்தவர்கள் குடும்பத் தலைவர் யார் என்று கேட்டு, என் கணவரின் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். அன்றைக்கே எனக்கு அது பிடிக்கவில்லை.

நுளம்பு கடித்து வருகிற காய்ச்சல் அது. ஆளைக் கொல்வது குறைவு, நிமிர விடுவதும் இல்லை. முழங்காலும் மணிக்கட்டும் பூட்டிக்கொள்ளும். நேற்று மீன்பெட்டி தூக்கியவர் இன்று தேநீர்க் கோப்பையைத் தூக்க முடியாமல் அழுவார். பள்ளிவாசலில் பாதிப் பேர் குனிய முடியாமல் கதிரையில் இருந்து தொழுதார்கள். அந்த நேரம் பார்த்து இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டையும் மூண்டிருந்தது. இன்றைக்குக் கடை திறந்திருந்தால் நாளைக்கு ஹர்த்தால். அதற்கடுத்த நாள் வீதியை மூடியிருப்பார்கள். கொழும்பு லொறி வந்தால் வந்தது, வராவிட்டால் சீனிக்கும் மாவுக்கும் கையைப் பிசைந்துகொண்டு இருக்க வேண்டியதுதான்.

ஆகவே எல்லோரும் சேர்த்தார்கள். எல்லோரும்! முதலில் கொத்தமல்லி முடிந்தது. பிறகு விழுங்குகிற குளிசை, நுளம்புத்திரி, கை கழுவுகிற சவுக்காரம். இதெல்லாம் சரி, காய்ச்சலுக்கு வேண்டியவை. அதற்குப் பிறகு சனம் சுமந்துகொண்டு வந்தவற்றைப் பார்த்தால்தான் வேடிக்கை. பக்கத்துக் கொட்டில்காரி கட்டுக் கட்டாக மெழுகுதிரி வாங்கினாள்.

“என்னத்துக்குகா இவ்வளவு திரி? நுளம்பு திரிக்குப் பயப்படுமா?” என்று கேட்டேன்.

“கிடக்கட்டும்கா. சோறா கேக்குது?” என்றாள்.

சுனாமி அன்று அந்தி பட்ட பிறகு, பாடசாலை மண்டபத்து இருட்டில், பிள்ளைகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி மற்றவர்களின் முகங்களைக் கையால் தடவிக்கொண்டு திரிந்தவள் அவள். பிள்ளைகள் அந்த மண்டபத்திலேயே ஒரு மூலையில்தான் இருந்தார்கள். விடிந்த பிறகுதான் கண்டாள். எங்கள் எதிர்க் கொட்டில்காரர் கான் கானாகத் தண்ணீர் நிரப்பினார். கிணறெல்லாம் உப்பாகிப்போன அந்த நாளில் நாக்கு வறண்டு கிடந்தவர் அவர். என் மாமனார், அதாவது என் கணவரின் வாப்பா, இரண்டு வரிசை தள்ளித் தன் மகளோடு இருந்தார். அவர் சேர்த்தது இடுப்பில் கட்டுகிற சாறன். அலை அவருடைய உடம்பில் ஒரு நூல் விடாமல் உருவிக்கொண்டு போய்விட்டது. யாரோ கொடுத்த பெண்பிள்ளைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு அன்று முழுக்கச் சுவரைப் பார்த்தபடி நின்றார். காய்ச்சல் வந்ததும் அந்த மனிதர் புதுச் சாறன்களாக வாங்கி, மடிப்புக் கலையாமல் தலைமாட்டில் அடுக்கினார்.

காய்ச்சலுக்கும் சாறனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சுனாமியில் எது இல்லாமல் தவித்தார்களோ அதைத்தான் காய்ச்சலில் சேர்த்தார்கள். வரப்போகிற கஷ்டத்தின் முகம் யாருக்குத் தெரியும்? வந்துபோன கஷ்டத்தின் முகம்தான் தெரியும். ஒருநாள் ஓர் அதிகாரி ஒலிபெருக்கி கட்டிய வாகனத்தில் வந்து, வீணாகப் பயந்து பொருட்களைப் பதுக்காதீர்கள் என்று அறிவித்துவிட்டுப் போனார். கடல் வருகிறதென்று சொல்ல அந்த ஒலிபெருக்கி வந்திருந்தால் எவ்வளவு நல்லது! இதை வாசலில் நின்று சத்தமாகவே சொன்னேன். கேட்டாரோ என்னவோ.

சரி, நான் எதைச் சேர்த்தேன் என்று சொல்கிறேன்.

எனக்கு மூத்தவள், ஒரே ஒரு ராத்தா. சுனாமியில் மௌத்தானாள். மய்யித்துக் கிடைத்ததே பெரிய பாக்கியம் என்று அன்று பேசிக்கொண்டார்கள். கிடைத்து என்ன? குளிப்பாட்ட நல்ல தண்ணீரில்லை. மௌத்தானவர்களை வெள்ளைப் புடவைத் துணியில் சுற்றித்தான் அடக்குவோம், கபன் என்போம். அன்றைக்கு எங்கள் கண்ணுக்கெட்டிய இடத்தில் வெள்ளைப் புடவை ஒரு முழம் இல்லை. யாரோ ஒரு வீட்டு ஜன்னல் சீலையில் அவளைச் சுற்றினார்கள். ஊதாப் பூப்போட்ட சீலை. ராத்தா நல்ல உயரம். தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது. அந்தச் சீலையை மேலும் கீழுமாக இழுத்துப் பார்த்தவர்களில் அவளை மதினி என்று கூப்பிட்ட என் கணவரும் ஒருவர். கடைசியில் பாதம் வெளியே தெரியத்தான் அவள் குழிக்குள் போனாள். வாழ்நாள் முழுக்கப் பாதம் மூட உடுத்தவள் அவள்.

“தண்ணியில மௌத்தானவங்க ஷஹீது. கபன் இல்லாட்டியும் குத்தமில்ல,” என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். மார்க்கம் எனக்கும் தெரியும். அப்படிப் போனவர் உயிர்த்தியாகிக்குச் சமம், குற்றமில்லை என்பதும் தெரியும். ஆனால் அதைச் சொன்னவர்கள் எல்லோரும் உடுத்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அவர்கள் மேலே, கடல் மேலே, அந்த ஊதாப் பூக்கள் மேலே பொத்துக்கொண்டு கோபம் வந்தது. அது இன்றைக்கும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் துஆக் கேட்கவும் இல்லை.

ஆகவே, கடை திறந்த ஒரு நாளில் பஸ் ஏறி மருதமுனைக்குப் போனேன். வெள்ளைப் புடவை கேட்டதும் கடைக்காரர் விஷயம் விளங்கி முகத்தைத் தாழ்த்திக்கொண்டு, “ஆம்புளைக்கா, பொம்புளைக்கா?” என்று கேட்டார். ஆணுக்கு மூன்று துண்டு, பெண்ணுக்கு ஐந்து. “பொம்புளைக்கு,” என்றேன். “ஆள் எவ்வளவு உசரம்?” என்று கேட்டார். என் கை உயர்ந்து என் தலைக்கு மேலே ஒரு சாணில் நின்றது. அவர் அளந்து வெட்டிக்கொண்டே, “எப்ப மௌத்து?” என்றார்.

“இன்னும் இல்ல,” என்றேன்.

அவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு சுற்றித் தந்தார். கற்பூரமும் ஒரு சின்னப் போத்தல் அத்தரும் சேர்த்து எங்கள் தகரப் பெட்டியின் அடியில் வைத்து, மேலே சவுக்காரம், குளிசை, கொத்தமல்லி எல்லாம் அடுக்கி மூடினேன். அன்றைக்குத்தான், எத்தனையோ காலத்துக்குப் பிறகு, நான் நன்றாக நித்திரை கொண்டேன்.

நித்திரை நீடிக்கவில்லை. என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. கை கால் மடங்கி, பாயில் சுருண்டு முனகினாள். குளிசை தேடிப் பெட்டியைக் கிளறிய என் கணவரின் கையில் புடவை அகப்பட்டது.

“என்ன இது?”

“தெரியுதுதானே.”

“புள்ள காய்ச்சல்ல கிடக்குது, நீ கபன் வாங்கி வெச்சிரிக்கா? ஒனக்கென்ன, பைத்தியமா?”

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருக்கும். திரிக்காரி ஓடி வந்தாள். பின்னால் நாலைந்து பெண்கள். “அல்லாஹ்வே, கேட்டையும் முஸீபத்தையும் ஊட்டுக்குள்ள கூப்பிட்டு வெச்சிரிக்காளே!” என்று தலையில் கை வைத்தாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

“ஹஜ்ஜுக்குப் போறவங்க மக்காவில இருந்து கபன் கொண்டு வந்து அலுமாரியில வெக்கிறாங்க. அது பரகத்து. நான் மருதமுனையில வாங்கி வெச்சா முஸீபத்தா?”

“அது வேறகா, இது வேற.”

“என்ன வேற? நீ திரி வாங்கி வெச்சிரிக்கா. அதால சூரியன் அவிஞ்சி போச்சா?”

என் கணவர் குறுக்கிட்டார். “இது எண்ட பேர்ல உள்ள கொட்டில். இத வெளிய போடு. இல்லாட்டி நான் போடுவன்,” என்றார். அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது. நான் பெட்டியை மூடி, அதன்மேல் ஏறி இருந்துகொண்டேன். “போடுங்க. பெட்டிக்கு மேல நான் இரிக்கன். சேத்துப் போடுங்க,” என்றேன்.

பயமில்லாமலா சொன்னேன்? மகளின் முனகல் என் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது. இவர்கள் சொல்வது சரியாகிவிட்டால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். என் பிள்ளையைவிட எனக்கு ஒரு புடவை பெரிதா? இல்லை. ஆனாலும் இறங்கவில்லை.

சத்தம் கேட்டு மாமனார் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். என்ன நடந்தது என்று கேட்டார். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “விடு மகன். உடுப்பில்லாம நிண்டவனுக்குத்தான் புடவையிட அருமை தெரியும். அவள் வெச்சிரிக்கட்டும்,” என்றார். வாப்பா சொன்னதற்கு மேலே என் கணவர் பேசவில்லை. என்னோடும் பேசவில்லை. அதற்குப் பிறகு, “உம்மாவச் சோறு போடச் சொல்லு,” என்று பாயில் கிடந்த மகளிடம் சொல்வார். அவள் படுத்தபடியே எனக்குச் சொல்வாள். நல்ல குடித்தனம்!

மகள் எழும்பினாள். விரல்கள் நேராக நாள் எடுத்தது, ஆனால் எழும்பினாள். புடவை அவளைக் கொண்டுபோகவில்லை என்பதைப் பலகைச் சுவரைப் பார்த்து உரக்கச் சொன்னேன்.

காய்ச்சல் அடுத்ததாகப் பிடித்தது மாமனாரை. வயது போன உடம்பு, நெஞ்சில் சளியும் கட்டிக்கொண்டது. ஒரு நடுப்பகலில், லுஹர் நேரம் மௌத்தானார். அன்று காலையில்தான் எங்கோ குண்டு வெடித்ததென்று ஊரடங்குச் சட்டம் போட்டிருந்தார்கள். எங்கள் தகரப் பள்ளியில் வைத்திருந்த கபன் அந்தக் கிழமை போன மற்ற வயதாளிகளோடு முடிந்திருந்தது. கடைத்தெருவுக்குப் போக வெளிக்கிட்ட என் கணவரைச் சந்தியில் வைத்தே ஆமி திருப்பி அனுப்பிவிட்டது. தலைமாட்டில் புதுச் சாறன் இவ்வளவு கிடக்கிறதே, அதில் சுற்றலாமா என்று யாரோ கேட்டார்களாம். கட்டம் போட்ட சாறன்கள்.

நான் அதற்கு முன்பே கொட்டிலுக்கு வந்து, பெட்டியைத் திறந்து, புடவையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

“புள்ள... அந்தச் சாமான்...”

“என்ன சாமான்?” என்று கேட்டேன். மடியில்தான் இருந்தது, அவருக்கும் தெரிந்தது. எனக்குள் அவ்வளவு பொல்லாப்பு உண்டு, மறைக்க மாட்டேன். அவர் வாயால் அதன் பெயரைக் கேட்க வேண்டும் போலிருந்தது.

“கபன். எண்ட வாப்பாக்குக் கபன் வேணும்,” என்று சொல்லி நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். எழும்பிப் போய் அவர் கையில் கொடுத்தேன்.

அன்றைக்கு மின்சாரமும் இல்லை, குழாயில் தண்ணீரும் இல்லை. சுற்றிவரச் சீலை கட்டிக் குளிப்பாட்டுகிற இடம் இருட்டாக இருக்கிறதென்று கேட்டதும் திரிக்காரி கட்டோடு திரியைக் கொண்டு வந்தாள். எதிர்க் கொட்டில்காரர் கான் கானாகத் தண்ணீரைச் சுமந்து வந்து இறக்கினார். சவுக்காரமும் கற்பூரமும் அத்தரும் என்னுடையவை. பதுக்கினவர்கள் எல்லோரும் பதுக்கினதைக் கொண்டு வந்து வைத்தோம். ஒலிபெருக்கி அதிகாரி அந்த நேரம் வந்திருந்தால் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டியிருப்பேன்.

முகம் பார்க்கக் கூப்பிட்டபோது நான் முதலில் பாதத்தைத்தான் பார்த்தேன். ராத்தாவின் அளவுக்கு வெட்டிய புடவை. நன்றாக மூடி, கட்டி விடவும் மிச்சமிருந்தது. வயல் வரம்பு வழியாகச் சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு போய் அந்தி மஃரிபுக்கு முன்னால் அடக்கிவிட்டு வந்தார்கள்.

சண்டை முடிந்த பிறகுதான் எங்களுக்கு நிரந்தர வீடு கிடைத்தது. இந்த முறை நானே போய் நின்று என் பெயரை எழுத வைத்தேன். கொட்டிலைக் காலி பண்ணுகிற அன்று திரிக்காரி வந்து, நான் பெட்டி அடுக்குவதைப் பார்த்தாள். ஐந்து துண்டில் மூன்று போக மிஞ்சிய இரண்டு துண்டு அடியில் கிடந்தது.

“சண்டையும் முடிஞ்சி, காய்ச்சலும் முடிஞ்சி. இனி என்னத்துக்குகா இது?” என்றாள்.

“ஒனக்கிட்ட திரி இரிக்கா?”

“இரிக்கி,” என்று சிரித்தாள்.

“அப்ப என்னக் கேக்காத.”

புது வீட்டுக்கு வந்த கிழமையில், என் கணவர் காலையில் எங்கே போகிறேன் என்று சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பகல் சோற்றுக்குத் திரும்பி வந்தார். கையில் பேப்பரில் சுற்றிய ஒரு பார்சல். நேரே போய்ப் பெட்டியைத் திறந்து, மேலே இருந்த சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பார்சலை அடியில் வைத்து, எல்லாவற்றையும் பழையபடி அடுக்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“எங்க போனீங்க?”

“மருதமுனைக்கு.”

“ஆள் எவ்வளவு உசரம் எண்டு கேட்டிருப்பாரே?”

“கேட்டார்.” அவர் பெட்டி மூடியை அழுத்திப் பூட்டினார். “மதினிட கால் மூடுற அளவுக்கு வெட்டச் சொன்னன்,” என்றார்.