அழைத்தாச்சு என்றொரு கட்டம்

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான மறுநாளே நான் போய் நோட்டு வாங்கிவிட்டேன். நீளவாக்கில் இருநூறு பக்கம், கெட்டி அட்டை. அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன தோன்றும்? எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் மண்டபமும் சாப்பாடும் இரண்டாம்பட்சம்தான். யார் யாரை அழைக்க வேண்டும் என்கிற பட்டியல்தான் கல்யாணம். அதில் ஒரு வீடு விட்டுப்போனால் பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொல்லிக்காட்டுவார்கள்.

மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். போனில் நோட்டைப் பற்றிச் சொன்னதும் சிரித்தாள்.

"அப்பா, நோட்டு உங்க மேசையில இருக்கும். மாமா களியக்காவிளையில இருக்காங்க. நான் இங்க கெடக்கேன். யாரை அழைச்சாச்சு, யாரை அழைக்கலன்னு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் மாதாமாதம் பணம் கட்டிப் பயன்படுத்தும் ஒரு மென்பொருள் இருந்தது. குடும்பத்தோடு சேர்ந்துகொள்ளலாமாம். அதில் எனக்கும் அவள் அம்மாவுக்கும் மாமாவுக்கும் இடம் போட்டுக் கொடுத்து, கட்டம் கட்டமாக ஒரு பட்டியலையும் திறந்து வைத்தாள். பெயர், ஊர், தலைக்கட்டு என்கிற குடும்பக் கணக்கு, கடைசியில் "அழைத்தாச்சு" என்றொரு கட்டம். அழைத்து முடித்ததும் அதில் விரலை வைத்தால் ஒரு சரிக்குறி விழும்.

எனக்கு ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. காசு கொடுத்தால் சாமான் நம்முடையதாக வேண்டாமா? மாதம் தவறாமல் கட்டிக்கொண்டே இருப்பதற்கு இது என்ன வாடகை வீடா? இத்தனைக்கும் சொந்தமாக வாங்கியதன் லட்சணமும் எனக்குத் தெரியும். முன்பு நாகர்கோவில் கடையொன்றில் சிடி வாங்கி வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தேன். வருடத்துக்கு ஒருமுறை வைரஸ் வரும். பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோவேன். கடைசித் தடவை கடைக்காரர் எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக ஏற்றித் தந்துவிட்டு, "நீங்க எழுதி வச்சதும் போட்டோவும்தான் சார் போச்சு. வேற ஒண்ணும் போகல" என்றார். வேறு என்ன இருந்தது போவதற்கு?

என் எண்ணம் மாறியது ஓர் ஐப்பசி மத்தியானத்தில். சுசீந்திரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வயல்தான். கம்ப்யூட்டரில் முப்பது வீடு அடித்து முடித்து, முப்பத்தொன்றில் பாதிப் பெயர் இருக்கும்போது வயலுக்கு மேலே ஒரு மின்னல். கரண்டு போய்விட்டது, கம்ப்யூட்டரும் செத்துவிட்டது. பறிகொடுத்தவன் போல உட்கார்ந்திருந்தேன். மனைவி தன் போனை நீட்டி, "இன்னா பாருங்க, எல்லாம் இஞ்ச கெடக்கு" என்றாள். முப்பது வீடும் இருந்தது. அந்தப் பாதிப் பெயர் மட்டும்தான் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே குடைச்சல். என் மேசையில் அடித்தது அவள் கைக்கு எப்படிப் போனது? இது இருக்கிற இடம் எது? மகளிடம் கேட்டேன்.

"மேகத்துல, அப்பா."

ஜன்னலுக்கு வெளியே இருந்த மேகம் முழுவதும் அப்போது வயலில் கொட்டிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பொறுமையாக விளக்கினாள். எங்கெங்கோ பெரிய கட்டடங்களில் கம்ப்யூட்டர்கள் வரிசையாக ஓடிக்கொண்டே இருக்குமாம். நாம் எழுதுவதெல்லாம் அங்கே போய் இருக்குமாம். நம் வீட்டுப் பெட்டி எரிந்து சாம்பலானாலும் வேறொரு பெட்டியில் பெயரும் கடவுச்சொல்லும் போட்டால் விட்ட இடத்தில் தொடரலாமாம். புதிது புதிதாக வரும் வசதியும் தானாக வந்து சேருமாம். நாம் கொடுக்கிற மாதக்காசு காவலுக்கும் பராமரிப்புக்கும் சேர்த்துத்தான் என்றாள். காவல்காரனுக்கு மாதச் சம்பளம் என்றதும் என் மூளைக்கு விளங்கிவிட்டது.

பிறகு அது எனக்கு ஒரு பொழுதுபோக்காகவே ஆயிற்று. காலையில் பால் சேர்க்காத கட்டன் சாயாவோடு உட்கார்ந்து பட்டியலைத் திறப்பேன். யாராவது அதே நேரம் உள்ளே இருந்தால் அவர்கள் நிற்கும் கட்டத்தைச் சுற்றி ஒரு நிறம் தெரியும். மனைவியின் தம்பிக்குப் பச்சை. களியக்காவிளைப் பக்கத்து அழைப்பெல்லாம் அவன் பொறுப்பு. அங்கே அவன் சரி போடப் போட இங்கே என் கண்முன்னால் விழும். அங்கிருக்கிற விரலை இங்கிருந்து பார்ப்பது எனக்கு அலுக்கவேயில்லை.

எங்கள் ஊர் முறை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கல்யாண அழைப்பு என்றால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வீடேறிப் போக வேண்டும். உட்கார்ந்து, கொடுத்ததைக் குடித்து, அட்டையைக் கையில் கொடுக்க வேண்டும். வழியில் பார்த்துக் கொடுத்த அழைப்பும் போனில் சொன்ன அழைப்பும் கணக்கில் சேராது. மைத்துனன் ஒருநாள் ஏழு சரியை மளமளவென்று போட்டான். எனக்குச் சந்தேகம். கட்டத்தின் ஓரத்தில் குறிப்பு எழுதுகிற வசதி இருந்தது. "வீட்டில் வைத்தா, ரோட்டில் வைத்தா?" என்று கேட்டேன். அக்கா புருஷனான என்னை அவன் அளியா என்றுதான் கூப்பிடுவான். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "நாலு பேரு பஸ் ஸ்டாண்டில வச்சு, அளியா. நாளைக்கு வீட்டுக்குப் போறேன்." நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலு சரியும் மறைந்தன. முப்பது வருட உத்தியோகத்தில் எனக்குக் கிடைக்காத திருப்தி அது.

இப்படி ஒழுங்கு பேசின நான் ஒரு வீட்டுக்கு மட்டும் போகவில்லை. கோட்டாற்றில் இருக்கும் என் அக்கா வீடு.

ஆறு வருடம் முன்பு அக்கா புதுவீடு கட்டிப் பிரதிஷ்டை ஜெபம் வைத்தாள். எனக்குப் போனில்தான் சொன்னாள். அத்தானுக்கு அப்போது உடம்பு சரியில்லை, வீடேறி அழைக்க ஆள் இல்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நின்றேன். போகவில்லை. அதோடு பேச்சு நின்றது. மகள் பள்ளிக்கூடத்தில் படித்த காலமெல்லாம் மத்தியானம் சாப்பிட்டது அந்த அத்தையின் கையால்தான். "அத்தை வராம நான் ஆலயத்துக்குள்ள ஏறமாட்டேன்" என்று நிச்சயத்தன்றே சொல்லிவிட்டாள். "நாளைக்குப் போகிறேன்" என்று நானும் ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மகள் போன் பண்ணினாள்.

"அப்பா, அத்தை வீட்டுக்குப் போயிட்டீங்களா! சரி விழுந்திருக்கு, இப்பதான் பாத்தேன். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இல்லை என்று சொல்லாமல் பேச்சை மாற்றி, இதில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பார்க்க முடியுமா என்று கேட்டேன். "முடியும்பா. பழசு எல்லாம் அப்பிடியே இருக்கும்" என்று வழி சொன்னாள். "எதுக்கு?" என்றாள். சும்மாதான் என்று வைத்துவிட்டேன்.

திறந்து பார்த்தேன். அந்தச் சரி காலை பத்தே முக்காலுக்கு விழுந்திருந்தது. பக்கத்தில் என் பெயர்! பத்தே முக்காலுக்கு நான் சலூனில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். வீட்டுக் கம்ப்யூட்டர் என் பெயரில் திறந்தபடி இருந்தது. வீட்டில் இருந்தது ஒரே ஆள்.

மனைவி அடுக்களையில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஆமா, நான்தான் போட்டேன்."

"பொய்யில்லியா அது?"

"பொய்தான். ஒங்களுக்குப் பொய்ப் பதிவு பொறுக்காதே. எந்தம்பி நாலு வீட்டுக்குப் போட்டப்ப என்ன துள்ளு துள்ளுனிய! ஒண்ணு, அழிச்சிட்டு மொவகிட்ட நீங்களே சொல்லுங்க. இல்லேன்னா போயி அதை மெய்யாக்குங்க."

கோபத்தோடு திரும்பி வந்து உட்கார்ந்தேன். அழித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பழையதெல்லாம் இருக்கும் என்று மகள் சொன்னது மனதை அரித்தது. எவ்வளவு பழசு? பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். மைத்துனனின் நாலு சரி விழுந்ததும் மறைந்ததும் இருந்தது. மின்னல் வெட்டிய மத்தியானம் இருந்தது. கடைசியில் பட்டியல் பிறந்த முதல் நாள் வந்தது. மகள் தன் கையால் அடித்த ஒரே ஒரு வரி. "அத்தை, கோட்டாறு."

மூத்தவள் வீட்டைத்தான் முதலில் அழைக்க வேண்டும், அதுதான் முறை. அதனால் அவள் அதை முதல் வரியில் வைத்திருந்தாள். அன்று சாயங்காலமே மற்றப் பெயர்களுக்கு மேலே இடம் விட்டு, அந்த வரியைத் தூக்கி எல்லாவற்றுக்கும் கீழே கொண்டு வைத்திருந்தது நான். அதற்கும் நேரம் இருந்தது, என் பெயர் இருந்தது. நான் அதைச் சுத்தமாக மறந்திருந்தேன். மகள் அதைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டாள். பார்த்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வயதில் மகளுக்கு முன்னால் இவ்வளவு சின்னவனாக நின்றிருக்கிறேனே என்று அழுகையும் வந்தது.

மறுநாள் மத்தியானம் நானும் மனைவியும் கோட்டாற்றுக்குப் போனோம். தெருவுக்குள் கார் போகாது. வத்தலும் பெருங்காயமும் மணக்கிற கடைகளைத் தாண்டி நடந்தோம். அக்கா கதவைத் திறந்தாள். தலை முழுக்க வெளுத்திருந்தது. வா என்று சொல்லவில்லை, வழியை விட்டு விலகி நின்றாள். உள்ளே போய் உட்காராமலே அட்டையை நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை.

"எத்தனாவது வீடுலே?" என்று கேட்டாள்.

மனைவி தரையைப் பார்த்தாள். முதல் வீடு என்று சொல்லிவிடலாம். அக்கா எந்தப் பட்டியலையும் திறந்து பார்க்கப் போவதில்லை.

"கடைசி வீடு அக்கா. நான்தான் கடைசில கொண்டு வச்சேன். தப்பு எனக்கதுதான்."

அக்கா அட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"கடைசி வீடுன்னா இனி எங்கயும் போவாண்டாம் இல்லியா? அப்போ ரெண்டு பேரும் இருந்து சோறு தின்னுட்டுப் போங்க."