சேற்றில் ஏறும் படகு

என் அண்ணன் தன் உத்தியோகக் காலத்தின் பெரும்பகுதியை ஒரே ஒரு கப்பலை வரைவதில் கழித்தார். கடற்படைக்குக் கப்பல் வடிவமைக்கும் டெல்லி அலுவலகத்தில் அவர் பொறியாளர். சீருடை கிடையாது. நான் தஞ்சாவூரில் ஒரு நாளிதழின் நிருபர். அப்போது தஞ்சாவூர் ஜில்லா கடல் வரைக்கும் இருந்தது. எங்கள் ஊர் மன்னார்குடிக்குக் கிழக்கே. அங்கே அப்பாவுக்கு ஒரு வேலிக்குச் சற்றுக் குறைவாக, ஆறு ஏக்கர் நஞ்சை இருந்தது.

அந்த நிலத்தை அப்பா உழுததில்லை. எங்களைவிட மூத்த ஒருவர் குத்தகைக்கு எடுத்து உழுதார். அவருடைய தகப்பனும் அதே நிலத்தில்தான் உழுதார். எழுத்து எதுவும் கிடையாது, வாய்மொழிதான். புதிய ஆட்சி வந்து, குத்தகைக்காரர்கள் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் போட்டது. மேடைகளில் உழுபவனுக்கே நிலம் என்று பேசினார்கள். மேடையில் பேசியவர்களில் சிலருக்கும் குத்தகைக்கு விட்ட நிலம் இருந்தது. அதை நான் செய்தியில் எழுதியதில்லை. எழுதினாலும் போட்டிருக்க மாட்டார்கள்.

குத்தகைக்காரர் மனு கொடுப்பதற்கு முன் அப்பாவிடம் வந்து சொன்னார். சொல்லாமல் செய்வது மரியாதை இல்லை என்று நினைத்திருக்கிறார்.

"பதிஞ்சுட்டா நிலம் உன்னுதாயிடுமா?" என்று அப்பா கேட்டார்.

"நிலம் உங்களுதுதாங்க ஐயா. உழுறது நான்னு எழுதிக்கணும், அவ்வளவுதாங்க."

"அத எழுதிப்புட்டா அப்புறம் என்னா மிச்சம் இருக்கு?"

அந்த வருஷம் அப்பா சம்பாவுக்கு நிலத்தைத் தரிசு போட்டார். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. பக்கத்து வயல்களில் நாற்று நின்றது. எங்கள் மடை மட்டும் அடைபட்டிருந்தது. உழவில்லை என்றால் உழுதவன் என்று யாரும் சாட்சி சொல்ல முடியாது. ஜில்லா முழுக்கப் பலரும் அந்த வருஷம் இதைத்தான் செய்தார்கள். விவசாயச் சங்கத்துக்காரர்கள் வரப்பில் கொடி நட்டார்கள், போலீஸ் வந்து பிடுங்கியது. குத்தகைக்காரர் மறுபடி வந்து நின்றபோது அப்பா கோபப்படவில்லை. "அடுத்த போகம் பாத்துக்கலாம் போ" என்றார்.

குத்தகைக்காரர் தன் மனைவியை அழைத்துக்கொண்டு, வேளாங்கண்ணிக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த மாமியார் ஊருக்குப் போனார். அங்கே கூலி வேலை கிடைத்தது. கார்த்திகையில் புயல் வந்தது.

அண்ணன் அப்போது விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார். நான் செய்தி சேகரிக்கக் கிளம்பியபோது அவரும் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு கூட வந்தார். பாதி வழி ஓட்டினோம், பாதி வழி சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு விழுந்து கிடந்த தென்னைகளைத் தாண்டினோம். வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. செத்த மாடுகள் வேலிகளில் மாட்டியிருந்தன.

குத்தகைக்காரரின் மாமியார் ஊரில் சுவரோடு நின்ற கட்டடம் பள்ளிக்கூடம் ஒன்றுதான். அதன் வாசலில் குத்தகைக்காரர் எங்களைப் பார்த்து எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். அந்த நிலைமையிலும் அதைச் செய்தார்.

"வேணாங்க, உக்காருங்க" என்றார் அண்ணன். அப்பா காதில் விழுந்திருந்தால், குத்தகைக்காரனுக்கு என்னடா மரியாதை என்று கேட்டிருப்பார்.

குத்தகைக்காரரின் மனைவி கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். மண்சுவர் விழுந்து தொடை எலும்பு முறிந்திருந்தது. கால் கறுத்து வீங்கியிருந்தது. ஆனால் பேசினார். அண்ணனைப் பார்த்ததும், "பெரியதம்பி வந்திருக்காங்க, ஒரு வாய் மோரு குடுக்கக்கூட வழியில்லாம கெடக்கேன் பாருங்க" என்றார்.

கட்டிலில் மூங்கில் கட்டி, ஆற்றங்கரை வழியாக டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவது என்று முடிவாகியிருந்தது. நான்கு பேர் தயாராக நின்றார்கள். அதே மாதிரி இன்னொரு கட்டிலில், விலா நொறுங்கிய ஒரு வாலிபனைத் தூக்க வேறு நான்கு பேர். வழியில் மூன்று இடத்தில் கரை உடைந்திருந்தது. இறங்கி ஏற வேண்டும். அப்போதுதான் பள்ளிக்கூடத்துக் கூரையில் இருந்தவன் கப்பல், கப்பல் என்று கத்தினான்.

அண்ணன் கூரைமேல் ஏறிப் பார்த்தார். சாம்பல் நிறத்தில், வெகு தூரத்தில், அசையாமல் நின்றது. அவருக்கு அது எந்தக் கப்பல் என்று பார்த்த உடனே தெரிந்தது. இறங்கி வந்தபோது அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம். அதற்கு வேறு சொல் இல்லை.

"நம்ம நேவி கப்பல்தான். டாக்டர் இருப்பாரு. படகு அனுப்புவாங்க. இந்த ஒடஞ்ச கரையில ஏன் குலுக்கிக்கிட்டுப் போறீங்க? கடக்கரைக்குத் தூக்குங்க."

யாரும் மறுத்துப் பேசவில்லை. கடலைத் தெரிந்த மீனவர் குடும்பங்கள் புயலுக்கு முன்பே டவுனுக்குப் போய்விட்டிருந்தன. மிச்சமிருந்தவர்கள் வயல் வேலை செய்பவர்கள். அவர்களுக்கு அண்ணன் கப்பல் கட்டுகிற ஆள். "பெரியதம்பி சொல்றாங்க, அவங்களுக்குத் தெரியாதா?" என்றார் குத்தகைக்காரர். வாலிபனின் அப்பா மட்டும் தயங்கிவிட்டு, நாங்க கரை வழியாகவே போறோம் என்று கிளம்பினார். கப்பலை நம்பாததால் அல்ல. அவருடைய மச்சினன் அந்த ஆஸ்பத்திரியில் வார்டுபாய்.

கடற்கரையில் கட்டிலை இறக்கினோம். படகு வந்தது. அதுவரை அண்ணன் சொன்னது சரிதான். ஆனால் புயல் வெள்ளத்தோடு ஆறு தன் வண்டலையெல்லாம் முகத்துவாரத்தில் தள்ளியிருந்தது. அது கூர்மையான அடிப்பாகமுள்ள படகு. கரைக்கு வெகு தூரம் முன்பே சேற்றில் குத்தி நின்றது. இரண்டு மாலுமிகள் குதித்தார்கள், இடுப்புவரை புதைந்தார்கள். கயிறு போட்டு அவர்களை இழுத்தார்கள். படகு பின்வாங்கி, தெற்கே போய் மறுபடி முயன்றது. அங்கேயும் குத்தியது. எங்களிடம் ஒரு கட்டுமரம்கூட இல்லை. எல்லாவற்றையும் புயல் பிளந்துபோட்டிருந்தது.

அந்த அம்மாள் கட்டிலில் இருந்தபடி, "அவ்வளவு பெரிய கப்பலா பெரியதம்பி? ஐயா வீட்டு மாடியவிட ஒசரமா?" என்று கேட்டார்.

"அதவிட ஒசரங்க."

"அப்ப என்ன எப்படி ஏத்துவாங்க? எனக்கு ஏணின்னாலே பயம்."

கணவர், "ஒன்ன மூட்ட மாதிரி தூக்கிப்புடுவாங்க, பேசாம கெட" என்றார். அந்த அம்மாள் சிரித்தார். பிறகு தண்ணீர் கேட்டார். பிறகு கேட்கவில்லை. படகு மூன்றாம் முறை முயன்றுகொண்டிருந்தபோது உயிர் பிரிந்தது. சூரியன் இன்னும் மறையவில்லை. கப்பல் அதே இடத்தில் தெளிவாகத் தெரிந்தது.

ஆற்றங்கரை வழியாகப் போன வாலிபன் அன்று மாலையே ஆஸ்பத்திரி சேர்ந்தான். இன்று அவனுக்குப் பேரன் இருக்கிறான்.

நிவாரணக் கப்பல் வந்துசேர்ந்தது என்று நான் செய்தி அனுப்பினேன். முதல் பக்கத்தில் வந்தது. படகு கரை சேர முடியவில்லை என்பது கடைசிப் பத்தி. இடம் போதவில்லை என்று எடுத்துவிட்டார்கள். அண்ணன் அந்தப் பேப்பரை மடித்து என்னிடமே கொடுத்தார்.

டெல்லிக்குத் திரும்புமுன் அவர் தாலுகா ஆபீசுக்குப் போய், எங்கள் நிலத்தை உழுதவர் இவர்தான் என்று வாக்குமூலம் கொடுத்தார். குத்தகை பதிவானது. அப்பா அதற்குப் பிறகு அண்ணனோடு பேசவில்லை. "கப்பலு கட்டுறானாம் கப்பலு, இருக்கிற கரையப் பேத்துப்புட்டு" என்று என்னிடம்தான் சொல்வார். அண்ணன் வந்து போவார், இருவரும் ஒரே கூடத்தில் சாப்பிடுவார்கள்.

சில வருஷங்களில் அண்ணனுடைய அலுவலகத்தில் புதிய கப்பல் ஒன்றைப் பற்றிய பேச்சு தொடங்கியது. போர்க் கப்பல் அல்ல, போர்க் கப்பல்களுக்குத் துணைபோகிற கப்பல். நடுக்கடலில் எண்ணெயும் தண்ணீரும் கொடுக்க வேண்டும், தோட்டாவும் உதிரிப்பாகமும் சுமக்க வேண்டும், ஹெலிகாப்டர் இறங்க வேண்டும், சமாதான காலத்தில் நிவாரணத்துக்கும் போக வேண்டும். இத்தனைக்கும் தனித்தனிக் கப்பல் கட்ட வசதியில்லாததால் எல்லாவற்றையும் ஒன்றில் அடக்கச் சொன்னார்கள். அண்ணன் அந்தக் குழுவில் தானாகக் கேட்டுச் சேர்ந்தார். அவர் கேட்டது இரண்டு: படுக்கைகளோடு ஒரு மருத்துவப் பகுதி, தட்டையான அடிப்பாகமும் முன்னால் திறக்கும் பலகையும் உள்ள இரண்டு படகுகள். சேற்றில் ஏறும் படகுகள்.

விடுமுறையில் வரும்போது காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எனக்கு வரைந்து காட்டுவார். பத்திரிகைக்காரன் என்பதால் எழுதக் கூடாது என்பார். நான் எழுதவில்லை. இப்போது அவரும் இல்லை, அந்தக் கப்பல்களும் பழசாகிவிட்டன.

"ஒரு கப்பலையா இத்தனை வருஷமா வரையறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒரு கப்பல் இல்லடா, கிளாஸ். ஒரு வரைபடம் போட்டா அதே மாதிரி வரிசையா கட்டுவாங்க. முதல் கப்பல்ல ஒரு ஆணி தப்பா இருந்தா எல்லாத்துலயும் தப்பா இருக்கும். அதனாலதான் இவ்வளவு சண்டை."

சண்டை எல்லாம் இடத்துக்கும் எடைக்கும்தான். எண்ணெய்ப் பிரிவு பெரிய தொட்டி கேட்டது. ஆயுதப் பிரிவு தனி அறை கேட்டது. நீளத்தைக் கூட்டலாம் என்றால், பழுது பார்க்கும் டாக்கில் கப்பல் நுழையாது. உயரத்தில் எடை ஏற்றினால், வைக்கோல் அதிகம் ஏற்றிய வண்டி போல வளைவில் சாயும். மெழுகில் மாதிரி செய்து நீண்ட தண்ணீர்த் தொட்டியில் இழுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புது மாதிரி. அண்ணனின் மருத்துவப் பகுதி ஒருமுறை கீழ்த்தளத்துக்குப் போனது, ஒருமுறை பாதியானது, ஒருமுறை காணாமலே போனது, பிறகு திரும்பி வந்தது. படகுகள் மேல்தளத்தில் இருந்ததால் ஒவ்வொரு கூட்டத்திலும் முதலில் அவற்றில்தான் கை வைத்தார்கள்.

கடைசியில், எண்ணெய்க் குழாய்களைத் தாங்கும் கம்பங்களின் எடை கணக்கிட்டதைவிடக் கூடிவிட்டது. மேலே இருந்து எதையாவது இறக்கியாக வேண்டும். அவருடைய மேலதிகாரி கெட்டவர் இல்லை. குழாய் வாரம்தோறும் வேண்டும், இந்தப் படகு பத்து வருஷத்துக்கு ஒருமுறை வேண்டும், நீயே சொல் என்று கேட்டிருக்கிறார். மறுநாள் அண்ணனே ஒரு வழி சொன்னார்: படகுகளை இப்போது வைக்க வேண்டாம், ஆனால் அவை உட்காரும் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, தளத்தைப் பலப்படுத்தி, படகைத் தாங்கும் இரும்புகளைப் பற்றவைத்து விட வேண்டும், பின்னால் எடை குறைந்தால் பொருத்தலாம். ஒப்புக்கொண்டார்கள். அவரே கையெழுத்தும் போட்டார்.

முதல் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது ஒருநாள் பொதுமக்களைப் பார்க்க விட்டார்கள். குத்தகைக்காரரை அழைத்து வரச் சொல்லி அண்ணன் எனக்குப் போன் செய்தார். அப்பா அதற்குள் காலமாகியிருந்தார். குத்தகைக்காரருக்கு முடி முழுக்க நரைத்திருந்தது, மறுமணம் செய்துகொள்ளவில்லை. ரயிலில் என்னிடம் தாளடிப் பயிருக்குத் தண்ணீர் வராததைப் பற்றி மட்டுமே பேசினார்.

அண்ணன் அவரை நேராக மருத்துவப் பகுதிக்கு அழைத்துப் போனார். வெள்ளை விரிப்போடு படுக்கைகள். கப்பல் ஆடினால் விழாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் பக்கவாட்டில் கம்பி. குத்தகைக்காரர் ஒரு கம்பியைப் பிடித்து அசைத்துப் பார்த்தார்.

"நல்லாருக்குங்க. கரையிலேந்து இங்க எப்படிக் கொண்டாருவாங்க?"

அண்ணன் அவரை ஏணியேறி மேல்தளத்துக்கு அழைத்துப் போனார். இரண்டு பக்கமும் குழாய்க் கம்பங்கள். நடுவில் அகலமான வெற்றிடம். தரையிலிருந்து வளைந்த இரும்புத் தாங்கிகள் ஜோடி ஜோடியாக நின்றன, மேலே எதுவும் இல்லாமல். புதிதாக வண்ணம் பூசியிருந்தார்கள்.

"இங்க ரெண்டு படகு இருக்கணுங்க. தட்டையான படகு. சேத்துல ஏறும்."

"எங்க?"

"வைக்கல. இடம் விட்டு வச்சிருக்கோம். பின்னால வச்சுக்கலாம்னு."

குத்தகைக்காரர் அந்த இடத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பார்த்தார். வயலை அளக்கிற பார்வைதான். "தரிசு போட்டிருக்கீங்க" என்றார். குரலில் குத்தல் இல்லை.

"ஆமாங்க."

"ஐயாவும் அப்படித்தான் சொன்னாங்க, அடுத்த போகம் பாத்துக்கலாம்னு."

பின்னால் நின்ற கூட்டம் நகரச் சொல்லித் தள்ளியது. அண்ணன் தாங்கி ஒன்றின் மேல் கை வைத்தபடி நின்றார். வெயிலில் இரும்பு சுட்டிருக்க வேண்டும். அவர் கையை எடுக்கவில்லை. குத்தகைக்காரர்தான், "வாங்க பெரியதம்பி, கீழ போவோம்" என்று அவர் முழங்கையைத் தொட்டார். அவர் அண்ணனைத் தொட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அதே வகையில் அடுத்தடுத்த கப்பல்களும் கட்டப்பட்டன. அண்ணன் ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு, படகுகளைப் பொருத்தினார்களா என்று கேட்டேன்.

"வரைபடத்துல என்ன இருக்கோ அதத்தான் கட்டுவாங்க" என்றார். "எல்லா கப்பல்லயும் அந்த இடம் இருக்கு. தாங்கியும் இருக்கு. ஒரு அங்குலம் மாறாம."