பல் இல்லாத இடத்தில் வலி

மீன்சந்தை வளைவில், கூண்டு நிறைய ஆட்களோடு போய்க்கொண்டிருந்த வண்டியை பெர்மின் நடுரோட்டில் நிறுத்திவிட்டார். கைப்பிடியை விட்டுவிட்டு இடது கன்னத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனார், ஆனால் தொடவில்லை. கன்னத்துக்கு ஒரு விரல்கடை தள்ளிக் கை அப்படியே நின்றது. பின்னால் வந்த லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். உள்ளே இருந்த டீச்சரம்மா மாரடைப்பு என்று நினைத்து ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ஒரு நிமிஷம்கூட இருக்காது. வந்தது போலவே போய்விட்டது. பெர்மின் மூச்சை விட்டு, "ஒண்ணுமில்ல டீச்சர், பல்லு" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார்.

பெர்மின் என் அக்கா மெனாங்கின் புருஷன். மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் கூண்டு பூட்டிய வண்டிதான் அவர் பிழைப்பு. வண்டி ஸ்டாண்டுக்கு எதிரே நான் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். சவாரியை இறக்கிவிட்டு நேராக என்னிடம்தான் வந்தார்.

"இந்தாய், பல்லுவலி மாத்திரை ஒண்ணு குடு." எங்கள் தீவில் தங்கை முறைக்காரியை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அண்ணன் முறைக்காரரை மனோங் என்போம்.

"பல்லு ஆடுதா மனோங்?"

"ஆடல. கரண்ட் கம்பிய எடுத்துத் தாடையில வச்சு எடுத்த மாதிரி இருந்துச்சு. சுரீர்னு. இப்ப ஒண்ணுமே இல்ல."

கீழ்வரிசையில் இடது பக்கம் அவருக்கு ஒரு சொத்தைப் பல் இருந்தது. அதைத் தவிர வேறு எதையும் நாங்கள் நினைக்கவில்லை. எங்கள் ஊரில் பல்வலி என்பது மழை மாதிரி, எல்லோருக்கும் வரும். கிராம்பை வைத்துக் கடிப்போம், உப்புத் தண்ணீரில் கொப்பளிப்போம், மாத்திரையை ஒன்று ஒன்றாகக் கடையில் வாங்கி விழுங்குவோம். அதற்கும் அடங்காவிட்டால் இலவசப் பல் முகாம் வரும்வரை காத்திருந்து பிடுங்கிக்கொள்வோம். பல்லை அடைத்துக் காப்பாற்றலாம் என்பது எங்களுக்குத் தெரியும், ஆனால் அப்படிச் செய்துகொண்டவர் யாரையும் நாங்கள் பார்த்ததில்லை. மெனாங் கல்யாணத்துக்கு முன்பே மேல்வரிசைக்குக் கட்டுப்பல் போட்டவள்.

அந்த வருஷம் தேர்தல் வருஷம் என்பதால் முகாம் சீக்கிரமே வந்தது. கூடைப்பந்து மைதானத்தில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கியில் வேட்பாளரின் பாட்டு ஓட, பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஊரே வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. பெர்மினுக்கு ஊசி போட்டு அந்தக் கடைவாய்ப் பல்லை எடுத்தார்கள். மரத்துப்போன வாயோடு கடைக்கு வந்து, கோவில் பாதிரியார் உண்டியல் பற்றி அறிவிப்பு வாசிக்கிற குரலில் பேசிக் காட்டினார். ஸ்டாண்டு முழுக்கச் சிரித்தது. குரல் மாற்றிப் பேசுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் வண்டியில் ஏறுவதற்காகவே சந்தைக்காரிகள் அடுத்த வண்டியை விட்டுவிட்டு நிற்பார்கள்.

புண் ஆறுவதற்குள் வலி திரும்ப வந்தது. அதே இடம், அதே சுரீர்.

"பக்கத்துப் பல்லா இருக்கும்" என்றாள் மெனாங். சந்தைத் தெருவில் இருந்த பல் வைத்தியரும் அதையேதான் நினைத்தார். பக்கத்துப் பல் போயிற்று. பிறகு அதற்கு நேர் மேலே இருந்தது. அதில் சொத்தையே இல்லை. "இது நல்லாத்தானே இருக்கு" என்று அவர் தயங்கினாராம். பெர்மின் கைகூப்பிக் கெஞ்சியிருக்கிறார்.

அதன் பிறகும் வலித்தபோது ஸ்டாண்டில் கேலி ஆரம்பித்தது. எஸ்டோய் என்று ஒருவன், பெர்மினின் பால்ய சிநேகிதன், பக்கத்து வண்டிக்காரன். "பல்லெல்லாம் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு, வலி மட்டும் வீட்ட விடமாட்டேங்குதாடா? போலீஸக் கூப்பிடு!" என்றான்.

முன்பென்றால் பெர்மின் அதற்கு இரண்டு மடங்கு திருப்பிக் கொடுத்திருப்பார். அன்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எஸ்டோய் என்னைப் பார்த்து, "என்ன இந்தாய், இவனுக்குக் கோவமெல்லாம் வருது?" என்றான்.

எதிர்க்காற்று முகத்தில் பட்டால் வலி வந்தது. அதனால் தலையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டினார். துண்டு உரசினாலும் வந்தது. பல் துலக்கினால் வந்தது, முகம் கழுவினால் வந்தது. சவரம் செய்ய முடியவில்லை. வலது கன்னத்தை மட்டும் மழித்துக்கொண்டு, இடது பக்கம் தாடியோடு திரிந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவருக்குப் 'பாதிச் சாமியார்' என்று பெயர் வைத்தன. மெல்ல முடியாததால் கஞ்சிதான். கஞ்சியையும் தலையை வலப்பக்கம் சாய்த்து, ஒரு ஓரமாக உறிஞ்சுவார். ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்த வாய்க்கு வெகுநேரம் கரண்டியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

"வலிக்கறப்பகூடப் பரவால்ல இந்தாய்," என்று ஒருநாள் சொன்னார். "வலிக்காம இருக்கறப்பதான் பயமா இருக்கு. இப்ப வருமா, இப்ப வருமான்னு. அது வந்துட்டாத் தேவலன்னு இருக்கு." வாயை அதிகம் திறக்காமல், பல்லிடுக்கில் சொன்னார். பேச்சும் வலியைக் கிளப்பும் என்று அவர் கண்டுபிடித்து அப்போது கொஞ்ச நாளாகியிருந்தது.

ஜோவிலின் அவர்களுடைய ஒரே மகள். அவளுடைய பதினாறாவது பிறந்தநாளுக்கு மெனாங் பெரிய சட்டி நிறைய நூடுல்ஸ் செய்தாள். அதன் நீளம் போல ஆயுசும் நீளும் என்பதால் அதை வெட்டாமல் சாப்பிட வேண்டும். அக்கம்பக்கத்தார், ஜோவிலினின் தோழிகள், எஸ்டோய் குடும்பம் எல்லோரும் வந்திருந்தார்கள். பெர்மினும் மகளுக்காக இரண்டு இழை வாயில் வைத்தார். ஒரு இழை இடது பக்கத் தாடியில் ஒட்டிக்கொண்டது. ஜோவிலின் சிரித்துக்கொண்டே, "அப்பா, ஆயுசத் தாடியிலயா சேத்து வைக்கறீங்க?" என்று கைக்குட்டையால் துடைக்கப் போனாள்.

அவர் அலறிய அலறலை நான் மனிதரிடம் கேட்டதில்லை. இரண்டு கையாலும் அவளைத் தள்ளிவிட்டார். அவள் மேஜையோடு சரிந்து, சட்டியும் தட்டுகளும் மேலே விழ, கீழே கிடந்தாள். முழங்கையில் ரத்தம். தோழிகள் சுவரோரம் ஒதுங்கினார்கள். பெர்மின் மூலையில் குந்தி, முகத்தின் முன்னால் கையை விரித்துக்கொண்டு, யாரையும் கிட்டே விடாமல் முனகினார்.

"போதையா?" என்று யாரோ கேட்டார்கள்.

எஸ்டோயின் மனைவி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "போதையுமில்ல, பல்லுமில்ல. மண்டைதான் கெட்டுப்போச்சு."

ஜோவிலின் அழவில்லை. எழுந்து, உடையில் ஒட்டிய நூடுல்ஸை உதறிவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அப்பாவோடு அவள் பேசியதை நான் பார்க்கவில்லை. படிப்பு முடிந்ததும் மணிலாவில் ஒரு வீட்டுக்குக் குழந்தை பார்த்துக்கொள்ளப் போய்விட்டாள். வழியனுப்பப் படகுத்துறைக்கு அவர் வரவில்லை. அங்கே காற்று அதிகம்.

வண்டி ஓட்டுவதும் நின்றது. மெனாங் கருவாட்டுக் களத்தில் மீன் கீறப் போனாள். மந்திரிக்கிற கிழவர் ஒருவர் வந்து, அத்திமரத்தில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாதவர்களை இவர் எங்கேயோ மிதித்துவிட்டார் என்று புகை போட்டார். புகை கன்னத்தில் பட்டுப் பெர்மின் சுருண்டு விழுந்தார். கிழவர் அதைப் பார்த்து, "பாத்தீங்களா, போகமாட்டேன்னு அடம்பிடிக்குது" என்றார்.

எல்லோரும் மண்டை என்று சொல்லச் சொல்ல அவரும் நம்பத் தொடங்கினார். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். நான் கஞ்சி கொண்டுபோனால், "பல்லு இல்ல இந்தாய். நான்தான் அழுகிப்போயிட்டேன். எங்கன்னு தெரியாம இவங்க பல்லப் புடுங்கறாங்க" என்பார்.

ஒரு மத்தியானம் மெனாங் களத்திலிருந்து சாப்பிட வந்தபோது, வீட்டின் பின்புறம் அவர் உட்கார்ந்திருந்தார். வண்டி ரிப்பேருக்கு வைத்திருந்த குறடு கையில். சட்டையெல்லாம் ரத்தம். இடது பக்கம் மிச்சமிருந்த இரண்டு கடைவாய்ப் பற்களில் ஒன்றை வேரோடும், இன்னொன்றைப் பாதியாகவும் பிடுங்கியிருந்தார். மெனாங் கத்திய சத்தத்தில் நான் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

பெர்மின் அமைதியாகத்தான் இருந்தார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"இந்தப் பக்கம் எடுக்க இனி ஒண்ணுமில்ல மெனாங்" என்றார். "இன்னும் வலிக்குது. பாக்கி இருக்கறது நான் ஒருத்தன்தான்."

மெனாங் அவர் கையிலிருந்து குறடை வாங்கி என்னிடம் கொடுத்தாள். வீட்டுக்குள் போய் மீன் கீறுகிற கத்திகளையும் படகுக் கயிற்றையும் ஒரு சாக்கில் கட்டி, அதையும் என்னிடம் கொடுத்து, "உன் வீட்ல வை. நான் கேட்டாலும் குடுக்காத" என்றாள். பிறகு அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, தொடாமல், கேட்டாள்: "சாகணும்னு இருக்கா?"

அவர் ஆமாம் என்று தலையசைத்தார்.

"நாளைக்கு இலோயிலோ டவுன் பெரியாஸ்பத்திரிக்குப் போறோம். போயிட்டு வந்து பேசிக்கலாம். அதுவரைக்கும் இரு. எனக்காக இரு."

அன்று ராத்திரி முழுக்க நாங்கள் மாற்றி மாற்றி அவரைத் தனியே விடாமல் உட்கார்ந்திருந்தோம். விடிந்ததும் பஸ் ஏறினோம். ஜன்னலோரம் நான், நடுவில் அவர், இந்தப் பக்கம் மெனாங். யாரோ ஜன்னலைத் திறந்தபோது மெனாங் போட்ட சண்டையில் கண்டக்டரே எழுந்து வந்து மூடிவிட்டான்.

பல் பிரிவில் ஒரு டாக்டரம்மா. பிடுங்கிய புண்ணைத் தூரத்திலிருந்தே டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"காத்து பட்டா வருதா?"

பெர்மின் நிமிர்ந்தார்.

"முகம் கழுவறப்ப? பேசறப்ப? வந்துட்டு உடனே போயிடுதா? அதனாலதான் அந்தப் பக்கம் சவரம் பண்றதில்லையா?"

ஒவ்வொரு கேள்விக்கும் அவர் கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்க முடியாதே, அது கன்னத்தில் இறங்கி அங்கேயும் வலித்தது.

"இது மண்டைக் கோளாறு இல்ல," என்றார் டாக்டரம்மா. "முகத்துக்குப் போற நரம்புல வர்ற நோய். பல்லுவலி மாதிரியேதான் இருக்கும். மாத்திரை இருக்கு. நரம்பு டாக்டர்கிட்ட அனுப்பறேன்."

"அப்ப என் பல்லுங்க?" என்றார் பெர்மின்.

டாக்டரம்மா சொன்னார்: "அந்தச் சொத்தைப் பல்லு எப்படியும் போயிருக்கும். மத்தது எதையும் எடுத்திருக்க வேண்டாம்."

மாத்திரை ஆரம்பித்துச் சில நாளில் வலி தணிந்தது. முதன்முறையாக இடது கையால் இடது கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு முற்றத்தில் நின்றார். நாங்கள் விருந்து வைக்கலாம் என்று பேசினோம். ஆனால் அந்த மாத்திரை அவரைத் தள்ளாட வைத்தது. நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். வண்டி ஓட்டவே கூடாது என்றார்கள். வண்டியை எஸ்டோயின் மச்சான் வாங்கிக்கொண்டான். தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் இன்னொரு மாத்திரை கொடுத்தார்கள். அதை யாருக்கும் தெரியாமல் விழுங்கினார். முதல் மாத்திரையைப் பற்றி அவருக்கு வெட்கம் இல்லை, இரண்டாவதைப் பற்றி இருந்தது.

எஸ்டோய் ஒருநாள் மீன் கஞ்சியோடு வந்து வாசலில் நின்றான். "நரம்பாமே. எங்களுக்கு என்னடா தெரியும்" என்றான்.

"எனக்கும் தெரியல" என்றார் பெர்மின்.

"ஸ்டாண்டுக்கு வாயேன். சும்மா உக்காரு. பாதிரியார் மாதிரி ஒரு தடவ பேசிக் காட்டு."

பெர்மின் கஞ்சிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். ஸ்டாண்டுக்குப் போகவில்லை. இன்றுவரை போகவில்லை.

இரண்டாம் வருஷம் வலி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. மாத்திரையைக் கூட்டினார்கள். மண்டையைத் திறந்து செய்கிற ஆபரேஷன் ஒன்று உண்டு, மணிலாவில் செய்வார்களாம். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மெனாங் கத்திகளை இன்னும் என் வீட்டில்தான் வைத்திருக்கிறாள். சமைக்க வேண்டுமானால் வந்து வாங்கிப் போவாள்.

நோய்க்குப் பெயர் தெரிந்த பிறகு மெனாங் அதை மகளுக்குப் போனில் சொன்னாள்.  அதிலிருந்து ஞாயிறுகளில் ஜோவிலின் கூப்பிடுகிறாள். அவர் போனை வலது காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார், பேசமாட்டார். அவளாகவே வீட்டுக்காரர்களைப் பற்றி, அந்தக் குழந்தையின் சேட்டை பற்றிச் சொல்லிக்கொண்டே போவாள்.

போன ஞாயிறு நான் அங்கே இருந்தேன். பேச்சின் நடுவே அவர் வாயைத் திறந்தார்.

"சாப்பிட்டியாம்மா?"

சொன்ன மாத்திரத்தில் முகம் கோணியது. கண் இறுக மூடிக்கொண்டது, உடம்பு முழுக்க விறைத்தது. மெனாங் பாய்ந்து போனை வாங்கக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. வலி போகும்வரை போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் மகள் என்ன சாப்பிட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.