ஓர் இஞ்ச் கட்டம்

என் மனைவியின் அண்ணன் இராஜபாளையத்தில் ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், மில்களுக்கு வேண்டிய ரசீதுப் புத்தகம் என்று எல்லாம் அடிப்பவர், கூடவே பெண்களுக்காக ஒரு மாத இதழும் நடத்திவந்தார். சமையல் குறிப்பு, ராசிபலன், ஒரு தொடர்கதை, இரண்டு பக்கம் ஆன்மிகம். இவற்றை எந்த இதழில் படித்தாலும் ஒன்றுதான். இந்த இதழுக்கென்று இருந்த தனிச் சிறப்பு, நடுப்பக்கத்தில் மடித்து வைத்த பெரிய தாள். ஜாக்கெட்டோ சுடிதாரோ, அந்த மாதத்து உடைக்கான கட்டிங், அதாவது துணி வெட்டும் கோடுகள், அதில் சைஸ் வாரியாக முழு அளவில் அச்சாகியிருக்கும். பிரித்து, துணியின் மேல் விரித்து, குண்டூசி குத்தி, கோட்டோடு வெட்டினால் போதும். கணக்குப் போட வேண்டியதில்லை. அந்தத் தாளை வரைந்தவள் என் மனைவி. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு முன்னறையில் தையல் வகுப்பு நடத்துகிறாள்.

இதழில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். சலுகைக் கட்டணத்தில் இதழை அனுப்ப வேண்டுமானால் குறித்த தேதியில், குறித்த தபால் ஆபீசில்தான் சேர்க்க வேண்டும் என்பதையும், உரிமையாளர் யார், வெளியிடுபவர் யார், அச்சிடுபவர் யார் என்ற விவரத்தை ஆண்டுக்கு ஒரு முறை இதழிலேயே அச்சிட வேண்டும் என்பதையும் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. மூன்று இடத்திலும் மச்சான் பெயர்தான் வரும்.

"என்னைய ஊருக்கே தெரியும். மூணு தடவ எதுக்கு மாப்ளே அறிமுகம் பண்ணுதீக?" என்று ஒவ்வொரு ஆண்டும் கேட்பார்.

விதி என்பேன். அதற்கு மேல் விளக்கம் கேட்பவர்களை நான் பணியில் இருந்தபோதும் மதித்ததில்லை.

அந்தக் காலத்து நாகரிகம் எங்கள் ஊருக்கு ஒழுங்காக, வரிசையில் நின்று வரும். ஒரு நடிகை படத்தில் ஒரு கழுத்து வைத்து ஜாக்கெட் போடுவாள். படம் இங்கே தியேட்டருக்கு வரும். சென்னைப் பத்திரிகை அட்டையில் வரும். பிறகு எங்கள் நடுப்பக்கத் தாளில் வரும். அப்புறம் தீபாவளிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்கள் முதுகில் வரும். எல்லாம் முடிய ஓர் ஆண்டு பிடிக்கும். யாரும் அவசரப்பட்டதாகத் தெரியவில்லை. இப்போது காலையில் ஏதோ ஓர் ஊர்ப் பெண் ரீல்ஸில் திரும்பி நின்றால், மதியம் என் மனைவியின் வகுப்பில் அந்த முதுகு போனில் பெரிதாக்கப்பட்டுக் கிடக்கிறது. மாலைக்குள் அது பழைய டிசைன் ஆகிவிடுகிறது. மாதம் ஒரு முறை வரும் இதழ் இதில் யாரைப் பிடிக்கும்?

விளம்பரமும் போயிற்று. செட்டியார்பட்டிப் பக்கம் நைட்டி தைத்து விற்பவர்கள் முன்பு பின்னட்டையைக் கலரில் கேட்டுச் சண்டை போடுவார்கள். சிவகாசிக்குப் போய் மாடலை வைத்துப் படம் எடுத்துவருவார்கள். இப்போது சொந்த மருமகளையே நைட்டி போட்டு நிறுத்தி, மொட்டைமாடியில் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். மருமகளும் மறுப்பதில்லை. மாடலிங்கைக் கௌரவக் குறைவு என்று சொன்ன அதே மாமியார்தான் இன்று கேமரா பிடிக்கிறார்.

சென்ற ஆண்டு மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து முடித்த பிறகு விஷயத்தைச் சொன்னார்.

"இனிமே அச்சு வேண்டாம்னு இருக்கேன். எல்லாத்தையும் போன்ல அனுப்பிரலாம். பிடிஎஃப்."

"அப்ப என் தாளு?" என்றாள் என் மனைவி.

"அதுவும் பிடிஎஃப்தான்."

"போனுக்குள்ள ஜாக்கெட்டை வெட்டுவாகளாண்ணே?"

"ஏட்டி, பெரிய தாளை நம்ம டிசைனர் சின்னச் சின்னப் பக்கமாப் பிரிச்சிருவான். பிரிண்ட் எடுத்து செல்லோடேப் போட்டு ஒட்டிக்கிட வேண்டியதுதான். அமெரிக்காவுல அப்படித்தான் பண்ணுதாகளாம்."

"அமெரிக்காக்காரி ஜாக்கெட்டு போடுதாளா?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் டம்ளரைப் பார்த்தேன்.

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். வாசகம் என்னுடையது. ஒரு மாதம் எல்லாம் போனில் போகும், தாளும் போனில் போகும். வாசகியரிடம் இருந்து தாளைப் பற்றிப் புகார் வந்தால், இதழை நிறுத்தினாலும் தாளை மட்டும் தனியாக அச்சிட்டு அனுப்ப வேண்டும். புகார் வராவிட்டால் தாளும் முடிந்தது. என் மனைவி ஒப்புக்கொண்டாள். அவளுக்கு இதழைப் பற்றிக் கவலை இல்லை. தொடர்கதையை அவள் ஒருநாளும் படித்ததில்லை. தாள் ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. முகம் தெரியாத ஊர்களில் எல்லாம் அந்தத் தாள்களை அயர்ன் பண்ணி, பீரோவில் அடுக்கிவைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த மாதம் அவள் வரைந்தது முழங்கை வரை கை வைத்த, பின்கழுத்து இறங்கிய ஜாக்கெட். டிசைனர் பிரித்தான். வாசகியரின் வாட்ஸாப் குரூப்புக்கு பிடிஎஃப் போயிற்று. வாழ்த்துச் சொல்லிக் கைகூப்பும் பொம்மைகள் நிறைய வந்தன. மூன்று வாரம் ஆகியும் புகார் வரவில்லை.

"யாரும் வெட்டிப் பாத்துருக்க மாட்டாக" என்றாள்.

"அல்லது எல்லாம் சரியாக வந்திருக்கும்" என்றேன்.

"சந்தோசமா உங்களுக்கு?"

எனக்குச் சந்தோஷம் இல்லை. ஆனால் புகார் வராத மாதத்தைப் புகார் வந்த மாதமாக எழுத எந்த விதியிலும் இடமில்லை.

மாதக் கடைசியில் செட்டியார்பட்டியில் இருந்து ஒரு பெண் வந்தாள். இதழின் பழைய வாசகி. வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருக்கிறார். வீட்டில் மகளுக்குப் பூப்புச் சடங்கு வைத்திருக்கிறார்கள். இப்போதைய வழக்கப்படி அத்தை, சித்தி, நாத்தனார் எல்லாருக்கும் ஒரே கலரில் சேலை, ஒரே மாதிரி ஜாக்கெட். அப்போதுதான் குழுப் படம் நன்றாக இருக்குமாம். ஜாக்கெட்டை எல்லாம் தானே தைப்பதாக ஏற்றுக்கொண்டு, முதலில் தனக்கும் மூத்த நாத்தனாருக்கும் தைத்திருக்கிறாள். கட்டைப்பையில் இருந்து இரண்டையும் எடுத்துப் போட்டாள்.

"அக்கா, உங்களை நம்பி வெட்டுனேன். எனக்குக் கை முட்டியத் தாண்டவே மாட்டேங்குது. எங்க நாத்தனாரு போட்டுட்டு மூச்சு விட முடியாம நிக்காவ. 'நான் சடங்குல சாப்பிடக் கூடாதுன்னே தச்சிருக்கியா'ன்னு கேக்காவக்கா."

"அளவு பாத்துத்தான வெட்டுன? உனக்குச் சரியான சைஸ்தான எடுத்த?"

"அதே சைஸ்தான். போன தீபாவளிக்கு உங்க தாள்லதான் வெட்டுனேன். சட்டை அம்சமா இருந்துச்சு. ஒருவேள நான்தான் தடிச்சிட்டனோன்னு ரெண்டு நாளா ராத்திரிச் சோறு திங்கலக்கா."

ஒட்டிய தாளையும் கொண்டுவந்திருந்தாள். என் மனைவி அதைத் தரையில் விரித்து டேப்பை வைத்தாள். மார்புச் சுற்று குறைந்தது. தோள் குறைந்தது. கைக்குழி குறைந்தது. எல்லாமே ஒரே விகிதத்தில் குறைந்திருந்ததால் ஒட்டும்போது கோடு கோட்டோடு இம்மியும் விலகாமல் சேர்ந்திருக்கிறது. ஏதாவது ஓர் இடத்தில் இடித்திருந்தால் அந்தப் பெண் சந்தேகப்பட்டிருப்பாள்.

"எங்க பிரிண்ட் எடுத்த?"

"பஸ் ஸ்டாண்டுகிட்ட ஜெராக்ஸ் கடையிலக்கா."

காரணம் எனக்குப் புரிந்துவிட்டது. ஓய்வு பெற்றபின் என் பொழுதில் பாதி ஜெராக்ஸ் கடைகளில் கழிகிறது. ஆதார், பட்டா, ஆயுள் சான்று என்று எதைக் கொடுத்தாலும் ஓரம் வெட்டுப்படக் கூடாது என்பதுதான் அவர்களுடைய ஒரே தர்மம். அதனால் எந்தக் கோப்பு வந்தாலும் பக்கத்துக்குள் அடங்கும்படி கொஞ்சம் சுருக்கி எடுப்பதைப் பழக்கமாக வைத்திருக்கிறார்கள். பட்டா சுருங்கினால் நிலம் சுருங்காது. ஜாக்கெட் கதை வேறு. உறுதி செய்துகொள்ள எங்கள் தெருமுனைக் கடைக்குப் போய்க் கேட்டேன்.

"சுருக்காம எடுத்தா ஓரத்துல எழுத்து போயிரும் சார். பொறவு எங்களைத்தான ஏசுவீக?" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதில் தவறில்லை. ஏசியவர்களில் நானும் உண்டு.

திரும்பி வந்தபோது என் மனைவி தையலைப் பிரித்து, நாத்தனாரின் ஜாக்கெட்டுக்கு அக்குளில் துண்டு வைத்துக்கொண்டிருந்தாள். அவளை உள்ளே கூப்பிட்டுச் சொன்னேன்.

"புகார் வந்துவிட்டது. மாதமும் முடியவில்லை. அந்தப் பெண்ணுக்கு உன் கையாலேயே தாள் வரைந்து கொடுத்து அனுப்பு. மற்ற ஊர்களில் இருந்தும் இதே புகார் வரும். மச்சான் அச்சிட்டே ஆக வேண்டும்."

"வரட்டும்னு உக்காந்துருக்கச் சொல்லுதீகளா?"

"ஒரு வாரம் பொறு என்கிறேன்."

"இந்த ஒரு வாரத்துல எந்த ஊர்ல எவ வெட்டிக்கிட்டு இருக்காளோ. ஆரி வொர்க் போட்ட பட்டுத்துணிய வெட்டிட்டான்னா ஒட்ட வைக்க முடியுமா? அவளுக்கு நீங்க பதில் சொல்வீகளா?"

பதில் சொல்லும் பொறுப்பில் நான் இருந்த காலத்திலேயே பதில் சொன்னதில்லை. அவள் டிசைனருக்குப் போன் போட்டாள்.

"தம்பி, முதல் பக்கத்துல ஒரு கட்டம் போடு. அங்கிட்டும் இங்கிட்டும் சரியா ஒரு இஞ்ச். 'இந்தக் கட்டத்தை ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க, ஒரு இஞ்ச் வந்தாத்தான் துணிய வெட்டணும், வரலைன்னா சுருக்காம எடுக்கச் சொல்லுங்க'ன்னு எழுது. பழசை எடுத்துட்டு இதை எல்லாருக்கும் இப்பவே அனுப்பு. பொறவுன்னு சொல்லாத, இப்ப."

போனை வைத்தாள். கட்டத்தை அளந்து வெட்டினால் இனிப் புகாரே வராது; அதோடு அவளுடைய வாதம் முடிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது.

"இனி மச்சானிடம் எதைச் சொல்லித் தாள் கேட்பாய்?" என்றேன்.

"தெரியும். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீகளா? செத்த நேரம் சும்மா இருங்க. அந்தப் புள்ள காத்துக்கிட்டு இருக்கு" என்று சொல்லிவிட்டு முன்னறைக்குப் போனாள்.

செட்டியார்பட்டிப் பெண் மீதி ஜாக்கெட்டுகளை எங்கள் வீட்டிலேயே வெட்டிக்கொண்டு போனாள். போகிற வழியில் தன் இறுக்கமான ஜாக்கெட்டைக் காட்டிச் சிரித்தபடி ஒரு வீடியோ போட்டிருக்கிறாள். கட்டத்தை அளக்காமல் வெட்டினால் இந்தக் கதிதான் என்று. இதழ் வெளிவந்த காலம் முழுதும் அதைப் படிக்காத ஆட்கள் எல்லாம் அந்த வீடியோவைப் பார்த்தார்கள்.

மச்சான் மறுநாளே வந்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"ஏட்டி, உன் கட்டம் எம்புட்டுப் பேருக்குப் போயிருக்கு பாத்தியா? நம்ம குரூப்புல எடமே இல்ல. ரெண்டாவது குரூப்பு ஆரம்பிச்சாச்சு."

ஒப்பந்தத்தை நான் எடுத்துச் சொன்னேன். புகார் வந்தது. காலத்துக்குள் வந்தது. எனவே தாள் அச்சாக வேண்டும்.

"வந்துச்சு மாப்ளே. சரி பண்ணியாச்சுல்லா? உங்க ஆபீஸ்ல சரி பண்ணுன மனுவுக்கு என்ன எழுதுவீக?"

'முடிவு செய்யப்பட்டது' என்று எழுதுவோம். சரி செய்யாத மனுவுக்கும் அதையேதான் எழுதுவோம். ஆயிரக்கணக்கானவர்களை அந்த இரண்டு சொற்களால் வாசலோடு திருப்பி அனுப்பியவன் நான். என் மனைவியைப் பார்த்தேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லயே?" என்று மச்சான் கேட்டார்.

"இருக்கு" என்றாள். "கட்டத்துக் கோடு மெல்லிசா இருக்கு. கண்ணாடி போட்டவளுக்கு எங்க ஓரம்னு தெரியாது. தடிமனாப் போடச் சொல்லுங்கண்ணே. தடிமனாப் போட்டா வெளி ஓரத்தை அளக்கணுமா, உள் ஓரத்தையான்னு அதையும் எழுதச் சொல்லுங்க."

இதழை நிறுத்தியதாகத் தெரிவிக்கும் பொறுப்பு வழக்கம்போல் எனக்கு வந்தது. தொடங்கும்போது அதிகாரி முன்னால் நின்று கையெழுத்துப் போட்டோம். நிறுத்த ஆள் போக வேண்டியதில்லையாம், இணையதளத்திலேயே முடித்துவிடலாம். காரணம் கேட்டது. கொடுத்திருந்த காரணங்களில் எதுவும் பொருந்தவில்லை. 'இதர' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு நிமிடத்தில் ஏற்றுக்கொண்டது. என் பணிக்காலத்தில் இதற்குக் குறைந்தது மூன்று முறையாவது வரவைத்திருப்போம். அதில் ஒரு மரியாதை இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. வந்தவர்களுக்கு அப்படித் தோன்றியிருக்காது.

அதன் பிறகு என் மனைவிக்கு வேலை கூடிவிட்டது. கட்டத்தை அளந்து பார்க்கச் சொன்னால் அளந்து பார்ப்பதோடு விடுகிறார்களா? ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அவளுக்கே அனுப்புகிறார்கள். 'சரியா இருக்காக்கா?' சோழபுரத்தில் இருந்து வருகிறது, கோயம்புத்தூரில் இருந்து வருகிறது, துபாயில் இருந்துகூட வருகிறது. முன்பு மாதம் ஒரு முறை தாள் வரைந்து கொடுத்தால் மீதி நாள் அவளுடையது. இப்போது சோற்றில் கை வைத்திருக்கும்போதும் போன் சத்தம் போடுகிறது. இடது கையால் எடுத்து, படத்தைப் பெரிதாக்கி, ஸ்கேலின் கோடுகளை எண்ணி, 'சரி' என்று அனுப்புகிறாள். பார்க்காமலே 'சரி' போட்டுவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். அலுவலகத்தில் நாங்கள் அப்படித்தான் செய்வோம். அவள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

நேற்று மதியம் அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது ஒரு படம் வந்தது. எழுந்து கண்ணாடியைத் தேடி எடுத்தாள். ஸ்கேலின் கோடுகளை இருமுறை எண்ணினாள். எனக்குக் கட்டம் சரியாக இருப்பதாகத்தான் பட்டது. அவள் எழுத்தில் பதில் அனுப்பவில்லை, உடனே போன் போட்டாள். எதிர்முனையில் யார், எந்த ஊர் என்று அவளுக்கும் தெரியாது.

"ஏட்டி," என்றாள், "கத்திரியக் கீழ வையி."