கயிறு அவிழ்க்காத விற்பனை

பூவாத்தாளுக்குத் தம்பி என்றால் உயிர். புருஷன் போன பிறகு, மாட்டுச் சந்தைக்குப் பேர்போன குண்டடத்தில் இருந்த மானாவாரிக் காட்டை விற்றுவிட்டு நல்லூருக்கு வந்து, தையல் மெஷின்களைப் போட்டு, ஒரு வீட்டையும் கட்டி நிமிர்ந்தவள் அவள். யாரிடமும் ஏமாற மாட்டாள் என்று பேர். ஏமாற்றக் கூடப்பிறந்தவன் இருக்கும்போது வெளி ஆள் எதற்கு?

தம்பி சிவராஜ் பனியன் ஏற்றுமதிக்காரன். 2007இல் ஒரு நாள் அவள் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டு வந்தான். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரன் பணம் தர மாதக்கணக்காகிறது; அதுவரை காத்திராமல் பில்களை ஒரு ஃபைனான்ஸ் கம்பெனிக்கு விற்று உடனே பணம் வாங்கப்போவதாகச் சொன்னான். கம்பெனிக்காரர்கள் பேச்சுக்கு ஒரு ஈடு கேட்கிறார்களாம்.

"அந்த வெள்ளைக்காரன் பணம் தராமப் போனா?" என்றாள் பூவாத்தாள்.

"என்னங்கக்கா நீங்க! சந்தையில மாட்டை வித்து, கயித்தை அவுத்துக்கிட்டு வந்துட்டா, அப்புறம் மாடு செத்தா நமக்கென்ன? பில்லும் அப்படித்தானுங்க. வித்தா வித்ததுதான்."

குண்டடத்துக்காரிக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? விற்றவன் தன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டால், அந்த மாட்டின் மேல் அவனுக்கு அப்புறம் பேச்சே கிடையாது. கையெழுத்துப் போட்டாள். ஆனாலும் வருஷக் கணக்கு முடிந்ததும், தம்பி கம்பெனி அக்கவுண்டன்ட் லிங்கசாமியைப் பிடித்து, "கடன் ஏதாச்சும் நிக்குதுங்களா?" என்று கேட்டாள். "கணக்குல இல்லீங்க" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. பாவி மனுசன், நிமிர்ந்து பார்த்து உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா?

அடுத்த வருஷம் அமெரிக்காவில் வியாபாரம் படுத்தது. சரக்கு வாங்கியவன் திவால். ஃபைனான்ஸ் கம்பெனி ஆட்கள் வந்து பூவாத்தாள் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

அவள் லிங்கசாமியிடம் ஓடினாள். மனிதர் உடைந்துவிட்டார்.

"வாங்குனவன் தரலைன்னா நாமதான் திருப்பித் தரோணும்னு ஒப்பந்தமுங்க. அப்படின்னா அது விற்பனையே இல்லீங்க, கடன். பில்லு நம்ம கணக்குலயே நிக்கோணும், வந்த பணத்தைக் கடன்னு காட்டோணும். நான் சொன்னேனுங்க. கடன்னு காட்டினா பேங்க்ல மேக்கொண்டு தரமாட்டான், வித்ததாவே எழுதுன்னுட்டாருங்க முதலாளி."

"கடன்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாமயாங்க, உங்ககிட்டப் பத்திரம் வாங்கறதுக்கு முன்னாடியே அவரு ஊட்டைச் சம்சாரம் பேருக்கு மாத்துனாரு?"

பூவாத்தாள் திரும்பி நடந்தாள். சிமென்ட்டும் செங்கல்லும் போனால் போகட்டும், மறுபடி சம்பாதிக்கலாம். அவள் தூக்கி வளர்த்த தம்பி, தன் வீட்டைப் பத்திரமாக ஒதுக்கி வைத்துவிட்டு அக்கா வீட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறானே!

வீட்டைக் காலி செய்த அன்று சிவராஜ் வந்தான். மெஷின்கள் வேனில் ஏறிக்கொண்டிருந்தன.

"நம்ம ஊட்டுக்கே வந்துருங்கக்கா" என்றான், கண்ணைத் துடைத்தபடி.

"ஆரு ஊட்டுக்கு? உன் பொண்டாட்டி ஊட்டுக்கா?"

"அக்கா..."

"அப்படிக் கூப்பிடாதே. பில்லை வித்தேன்னு சொன்னே, அது பொய்யி. நீ வித்தது என்னைய. வித்தா வித்ததுதான் சிவராஜு. கயித்தை அவுத்துக்கிட்டுப் போயிரு."

அவள் வேனில் ஏறி டிரைவரிடம், "போலாம் சாமி" என்றாள்.